லிஃப்டில் காற்றில் மிதக்கும் பட்டன்: பழைய பேனலைக் கழற்றலாமா?

மாடிப்படி:
மருத்துவமனை ஒன்றில் கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு. நோயாளிகள் போய்வரும் 4 லிஃப்டுகளுக்கும் பேனல் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. போன வாரம் ஒரு நிறுவனத்தார் மாதிரி கொண்டுவந்து காட்டினார்கள். பேனலுக்கு முன்னால் வெறும் காற்றில் மாடி எண்கள் ஒளிர்ந்து நிற்கின்றன. விரலை நீட்டினால் சென்சார் பிடித்துக்கொள்கிறது, 'டிங்' என்று ஓசை வருகிறது. விரலில் எதுவுமே படுவதில்லை. நிர்வாகத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. பழைய பட்டன்களை அடியோடு எடுத்துவிட்டு இதை மட்டும் வைக்கலாம் என்கிறார்கள். என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். மனசு ஒப்பவில்லை, ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிவட்டம்:
தயங்காமல் வையுங்கள். திரை தயாரிப்புத் துறையில் இருக்கிறேன், இது கண்கட்டு வித்தை இல்லை. உள்ளே ஒரு சாதாரணத் திரை இருக்கும். அதன் ஒளி, பாதியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றில் படும். திரும்பிய பாதி, வந்த வழியிலேயே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு தாளில் படும். இரவில் வண்டி விளக்கு பட்டதும் சாலைப் பலகை பளிச்சிடுகிறதே, அதே குணமுள்ள தாள். அங்கிருந்து திரும்பும் ஒளி கண்ணாடியைக் கடந்து மறுபக்கம் போய்க் குவியும். குவியும் இடத்தில் மெய்பிம்பம். பள்ளியில் படித்த அதே மெய்பிம்பம்தான். ஒளி உண்மையிலேயே அந்தப் புள்ளிக்கு வருவதால் பார்ப்பவர் எல்லோருக்கும் எண் ஒரே இடத்தில்தான் தெரியும். ஜப்பானில் 2022இல் செவன் இலெவன் கடைகளின் பில் கவுண்டரில்கூட மிதக்கும் திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆயிரம் பேர் தொடும் பட்டனை ஒரு மருத்துவமனை ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

இரும்புக்கயிறு:
மாடிப்படி அண்ணே, நான் 22 வருஷமா லிஃப்ட் மெக்கானிக். தம்பி ஒளியைப் பத்திச் சொன்னது சரியாவே இருக்கட்டும், எனக்கு இடத்தைச் சொல்லுங்க. எண் பேனலுக்கு வெளியே 10 சென்டிமீட்டர் மிதக்கணும்னா உள்ளே எவ்வளவு ஆழம் வேணும்? லிஃப்ட் பெட்டியோட சுவருக்குப் பின்னால ஷாஃப்ட் சுவர் வரைக்கும், அதாவது பெட்டி ஏறி இறங்குற குழியோட சுவர் வரைக்கும், கிடைக்கிறது கொஞ்ச இடம். அதுக்குள்ளதான் இப்போ பட்டன் பெட்டியும் வயரும் இருக்கு.

அடுத்தது கூட்டம். பார்வையாளர் நேரத்துல மருத்துவமனை லிஃப்ட்ல ஆள் மேல ஆள் நிப்பாங்க. பட்டன்னா அழுத்தணும், அதுக்குக் கொஞ்சம் விசை வேணும், தோள் உரசினா வேலை செய்யாது. இதுல சேலை முந்தானை ஆடினாப் போதும், ஸ்ட்ரெச்சர் கம்பி குறுக்கே போனாப் போதும், எட்டு மாடியும் பதிவாகிடும். உள்ளே அவசர நோயாளி. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு போகுமா?

ஒளிவட்டம்:
ஆழம் பற்றிய கேள்வி நியாயமானது, மறைக்க மாட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, இந்தப் பக்கம் பிம்பமும் அவ்வளவுதான் தள்ளி நிற்கும். 10 சென்டிமீட்டர் மிதக்க 10 சென்டிமீட்டர் உள்ளே வேண்டும். ஆனால் 3, 4 சென்டிமீட்டர் மிதந்தாலே போதுமே, விரல் படாமலிருக்க அதற்கு மேல் தேவையில்லை.

முந்தானை விஷயத்துக்குத் தீர்வு இருக்கிறது. சென்சார் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி விரலில் பட்டுத் திரும்புவதை வைத்து இடத்தைக் கணிக்கிறார்கள். ஒரு புள்ளியில் அரை விநாடி நின்றால்தான் பதிவு என்று வைக்கலாம், விரலைவிடப் பெரிய பொருளைப் புறக்கணிக்கவும் வைக்கலாம்.

இரும்புக்கயிறு:
அரை விநாடி நிக்கணும்னு சொல்றீங்க. கை நடுங்குற பெரியவர் என்ன பண்ணுவார்? பட்டன்ல விரலை ஊன்றிக்கலாம். காத்துல எதை ஊன்றுவார்?

இரவுப்பணி:
நான் செவிலியர், இருபது ஆண்டு வார்டு அனுபவம். இரும்புக்கயிறு அண்ணா, உங்கள் கவலை புரிகிறது, ஆனால் கிருமியை எல்லோரும் லேசாகக் கடந்து போகிறீர்கள். எங்கள் வார்டில் வயிற்றுப்போக்கு நோயாளி ஒருவர் வந்தால் போதும், ஒரு வாரத்துக்கு எங்களுக்குத் தூக்கம் கிடையாது.

எண்சுவடி:
சிஸ்டர், இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட குறிப்பின்படி, கொரோனாக் கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் 1க்கும் குறைவு. தொடாத பேனல்களுக்குக் கிராக்கி கிளம்பியதே அந்தப் பயத்தில்தான். பயம் போன பிறகும் பொருளை விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இரவுப்பணி:
அந்தக் கணக்கு கொரோனாவுக்கு. நான் சொல்வது வேறு. கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்று வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. அதன் வித்துகள் காய்ந்த பரப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையில் தேய்க்கும் ஆல்கஹாலுக்குச் சாகாது, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸையும் ஆல்கஹாலை நம்பி விட முடியாது. நோயாளியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடும்போது நடுவில் எங்கே போய்க் கை கழுவுவது? முழங்கையால் பட்டனை இடிக்கிறோம், சிலசமயம் இரண்டு பட்டன் சேர்ந்து அழுந்துகிறது. தொடாமல் இயங்கும் பேனல் வந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

எண்சுவடி:
திருத்திக்கொள்கிறேன், என் எண் இங்கே பொருந்தாது. ஆனாலும் விரலுக்குத் தட்டுப்படாத கட்டுப்பாட்டைப் பற்றி இன்னொரு நிகழ்வு நினைவுக்கு வருகிறது. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின், சிங்கப்பூருக்கு அருகே ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். நெம்புகோலுக்குப் பதில் தொடுதிரை வைத்திருந்தார்கள். எந்த இருக்கையில் எந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்ற குழப்பம் விசாரணையில் வெளிவந்தது. 2019இல் அந்தக் கடற்படை கையால் பிடிக்கும் நெம்புகோலுக்கே திரும்ப முடிவெடுத்தது. தொடுதிரையிலாவது விரலுக்குக் கண்ணாடி தட்டுப்படும். இதில் அதுவும் இல்லை.

ஒளிவட்டம்:
அந்த விபத்தில் பயிற்சிக் குறைவும் அலுப்பும் பெரிய காரணங்கள். அதைத் திரையின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். தட்டுப்படவில்லை என்ற குறைக்கும் மருந்து உண்டு. காதுக்குக் கேட்காத 40,000 ஹெர்ட்ஸ் மீயொலியைச் சின்னச் சின்ன ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரே புள்ளியில் குவித்து, அதை விநாடிக்கு 200 தடவை ஏற்றி இறக்கினால் விரல் நுனியில் மெல்ல ஊதுவதுபோல் உணர்வு வரும். ஏனென்றால் தோல் அந்த 200ஐத்தான் நன்றாக உணரும். அல்ட்ராலீப் நிறுவனம் இதைக் கருவியாகவே செய்திருக்கிறது.

மாடிப்படி:
மன்னிக்கவும், எங்களுக்குக் காட்டிய மாதிரியில் அந்த வசதி இல்லை. இன்னொன்று கவனித்தேன். நேராக நின்றால் எண் பளிச்சென்று தெரிகிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், மேல் வரிசை அப்படியே காணாமல் போய்விட்டது. அது ஏன்?

ஒளிவட்டம்:
உங்கள் கண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே கோடு போட்டு நீட்டினால் அது உள்ளே கண்ணாடியில் போய் விழ வேண்டும். விழாவிட்டால் பிம்பம் தெரியாது. பார்க்கும் கோணம் குறுகியது, இது இந்த முறையின் இயல்பான எல்லை. வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண அரைக்கண்ணாடியில் ஒளி ஒருமுறை திரும்பி ஒருமுறை கடக்கும்போதே கால்வாசிதான் மிஞ்சும். அதனால் ஜன்னலோர வெயிலில் வெளிறிப்போகும். ஏடிஎம்மில் இதே குறுகிய கோணம் வரமாகிவிடும், பக்கத்தில் நிற்பவருக்கு ரகசிய எண் தெரியாது, விரல் தடமும் மிஞ்சாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மட்டும் அது தடைதான். ஒப்புக்கொள்கிறேன்.

விரல்நுனி:
இதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, திரைவாசிப்பான் உதவியோடு எழுதுகிறேன். எல்லோரும் கோணம், வெளிச்சம் என்கிறீர்கள். எனக்கு அந்தப் பேனல் முழுக்க வெறும் சுவர். லிஃப்டில் ஏறியதும் கையால் சுவரைத் தடவுவேன், பட்டன் வரிசை அகப்படும், பக்கத்தில் பிரெயிலில் 3 இருக்கும், அழுத்துவேன், போவேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பட்டன்களைக் கழற்றினால் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாதவரிடம் "ஐயா, மூணாவது மாடி அழுத்துறீங்களா" என்று கெஞ்ச வேண்டும். இரவு பத்து மணிக்கு லிஃப்டில் வேறு யாருமே இல்லையென்றால்? அமெரிக்காவில் ஏடிஏ எனப்படும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகள் லிஃப்ட் பட்டனுக்குப் பக்கத்தில் புடைப்பு எழுத்தும் பிரெயிலும் கட்டாயம் என்கின்றன. அதை யாரும் சலுகையாகத் தரவில்லை, போராடி வாங்கியது. ஒளிவட்டம் தம்பி, உங்கள்மேல் கோபமில்லை. "அடியோடு எடுத்துவிட்டு" என்ற சொல்மேல்தான் கோபம்.

ஒளிவட்டம்:
ஐயா, நான் "தயங்காமல் வையுங்கள்" என்றபோது உங்களை நினைக்கவே இல்லை. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

இரும்புக்கயிறு:
ஒரு விஷயம் இப்பத்தான் உறைக்குது. 'தொடாம இயக்குறது' வேற, 'மிதக்குற படம்' வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி விக்கிறாங்க. அறுவை அரங்குல டாக்டர் கை கழுவுற குழாயைக் காலாலயோ முழங்காலாலயோ திறக்கிறதை நாம எத்தனை காலமாப் பாக்குறோம். அதுல படமா மிதக்குது? சாதாரண அழுத்துற பட்டன்லயே பக்கத்துல ஒரு அகச்சிவப்பு சென்சார் வச்சு, விரல் 2 சென்டிமீட்டர் கிட்ட வந்தாலே எடுத்துக்கிற மாதிரிப் பட்டன் சந்தையில இருக்கு. நானே மாட்டியிருக்கேன். சிஸ்டர் தொடாம காட்டலாம், பெரியவர் ஊன்றி அழுத்தலாம். சுவருக்குள்ள ஆழமும் தேவையில்லை.

இரவுப்பணி:
இது போதும் எங்களுக்கு. லிஃப்டில் எண் மாறுவதே இல்லையே, அதற்குப் படம் எதற்கு? மிதக்கும் திரையை அறுவை அரங்குக்குள் கொடுங்கள். அங்கே டாக்டர் கையுறையோடு நின்று ஸ்கேன் படத்தைப் புரட்ட வேண்டும், பெரிதாக்க வேண்டும். தொட்டால் கையுறை தீட்டு. "அடுத்த படம், இல்லை, முந்தினது" என்று வெளியில் நிற்பவரிடம் சொல்லிச் சொல்லி நேரம் போகிறது.

மாடிப்படி:
அப்படியானால் லிஃப்டுக்கு இரும்புக்கயிறு அண்ணன் சொன்ன பட்டனையே எழுதிக் கொடுக்கிறேன். எல்லோருக்கும் சம்மதம்தானே?

விரல்நுனி:
எனக்கு இன்னும் இல்லை. அந்தப் பட்டன் ஒரு லிஃப்டில் எனக்கு வாய்த்திருக்கிறது. பிரெயிலைப் பட்டன் மேலேயே பதித்திருந்தார்கள். மூன்றைத் தேடிக் கை போகும் வழியில் ஒன்று, இரண்டு, நான்கு எல்லாம் தானே பதிவாகிவிட்டன. நான் படிப்பது விரலால், அந்தச் சென்சாருக்கோ விரல் வந்தாலே கட்டளை. கூட வந்தவர்கள் முணுமுணுத்தது கேட்டது.

இரும்புக்கயிறு:
ஐயா, அந்த மாதிரி நானும் மாட்டியிருக்கேன். இது என் புத்தியில படவே இல்லை. பிரெயிலைப் பட்டனுக்கு இடப்பக்கம் தள்ளி, சென்சாரோட எல்லை பட்டனுக்கு மேல மட்டும் இருக்கிற மாதிரிக் குறுக்கலாம். ஒரு விநாடி நின்னாத்தான் எடுக்கணும்னும் வைக்கலாம். நிக்க முடியாதவங்க அழுத்திக்கட்டும், அழுத்துறதுக்குக் காத்திருப்பு வேண்டாம்.

விரல்நுனி:
எந்த எண் பதிவானது என்று குரலில் சொல்லவும் வையுங்கள். வெறும் 'டிங்' எனக்கு மூன்றா நான்கா என்று சொல்லாது. தவறாகப் பதிவானதை மறுபடி அழுத்தி நீக்கவும் வழி வேண்டும்.

மாடிப்படி:
எழுதிக்கொண்டேன். நாலு லிஃப்டிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், முதலில் ஒன்றில் மாட்டுங்கள் என்று கேட்கப் போகிறேன். மாட்டிய அன்று கண்ணைக் கட்டிக்கொண்டு நானே மூன்றாவது மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, எத்தனை மாடியில் நின்றது என்று இங்கே வந்து சொல்கிறேன்.

விரல்நுனி:
கண்ணைக் கட்டிக்கொண்டு வரும் உங்களுக்குப் பேனல் எந்தப் பக்கம் என்று முன்பே தெரிந்திருக்கும். அங்கே வந்துபோகும் பார்வையற்ற நோயாளி ஒருவரைக் கேளுங்கள்.