34,000 கி.மீ.லயே கம்பெனி டயர் அவ்ளோதானா? நாலும் மாத்தணுமா? அவசரம்

மழைக்காகம்
வண்டியோட வந்த டயர்தான். 34,000 ஓடியிருக்கு. சர்வீஸ் விட்ட இடத்துல நாலும் போச்சு, மாத்தியே ஆகணும்ங்கிறாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. கம்பெனி டயர் எவ்ளோ தூரம் வரணும்? சனிக்கிழமை சேலம் கிளம்பணும், சீக்கிரம் சொல்லுங்க.

கொங்குத்தேர்
என்ன வண்டி? என்ன சைஸ்? எந்த வருஷ டயர்? தேஞ்சது முன்னாடியா பின்னாடியா, நடுவுலயா ஓரத்துலயா? இது தெரியாம யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

டாப்கியர்_தம்பி
கம்பெனி டயர்னாலே அப்படித்தான் ப்ரோ. மைலேஜ் கணக்கு நல்லா வரணும்னு லேசா உருள்ற டயரா பார்த்துப் போட்டு அனுப்புவாங்க. நாலையும் கழட்டிட்டு அகலமா 195 போடுங்க, வண்டி ரோட்டை கவ்விப் பிடிக்கும்.

அச்சாணி
வாரத்துக்கு ஒருத்தர் இதையே கேக்குறீங்க. பழைய இழையைத் தேடிப் படிச்சா விரல் தேஞ்சிடுமா?

முன்சக்கர இழுவை உள்ள சின்ன காருக்கு முன் டயர் 35,000–40,000, பின் டயர் 50,000 தாண்டியும் வரும். 8,000–10,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன்னும் பின்னும் இடம் மாத்திப் போட்டா நாலும் சேர்ந்து 45,000 பக்கம் நிக்கும். பக்கவாட்டுல சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ.ங்கிற எழுத்தோ இருக்கும். அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும். அதோட உயரம் 1.6 மி.மீ. பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டைகள்) தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்தா சட்டப்படியே டயர் முடிஞ்சது. மழைக்காலம்னா 3 மி.மீ.லயே மாத்துறது நல்லது, அதுக்குக் கீழ தண்ணியைத் தள்ளி விட பள்ளம் பத்தாது.

மழைக்காகம்
பெட்ரோல் ஹேட்ச்பேக், 2020ல எடுத்தது. 185/65 ஆர்15. முன்னாடி ரெண்டும் உள்பக்கம் வழவழன்னு இருக்கு, வெளிப்பக்கம் பள்ளம் நல்லா தெரியுது. காத்து பங்க்ல 40 வைப்பேன்.

பஞ்சர்கடை பக்கத்துவீடு
அதான் காரணம். 40 வெச்சா எந்த டயர் தாங்கும்?

கொங்குத்தேர்
இல்லைங்க. காத்து அதிகமானா நடு உப்பி நடுதான் தேயும். கம்மியானா ரெண்டு ஓரமும் தேயும். உள் ஓரம் மட்டும் போயிருந்தா அது அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிக்கிற கோணத்தோட சமாச்சாரம். 40ம் தப்புதான், டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல உள்ளதை வைங்க. வண்டி ஓடாம டயர் ஆறியிருக்கும்போது பார்க்கணும்.

மழைக்காகம், ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் திருப்பிட்டு, பட்டன் மேல உள்ளங்கையை வெளியிலேர்ந்து உள்ளே ஒரு தடவை, உள்ளேர்ந்து வெளியே ஒரு தடவை தடவிப் பாருங்க. ஒரு பக்கம் வழுக்கி, எதிர்ப்பக்கம் ரம்பப் பல் மாதிரி கையில பிடிச்சா டோ (மேலேர்ந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற கோணம்) தப்பா இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுன்னு இருந்தா கேம்பர் (சக்கரம் நேரா நிக்காம சாயுற கோணம்) மேல சந்தேகம். கம்பி வெளியே எட்டிப் பார்த்தா கைய வெக்காதீங்க.

நட்டுபோல்ட்டு
டோ மட்டும் சரிபண்ணி அனுப்பிடுவாங்க, ஏமாறாதீங்க. முதல்ல சக்கரத்தைப் பிடிச்சு நிக்கிற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கோட சேர்ற டை ராடு எண்ட் மூணையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. புஷ் கிழிஞ்சிருந்தா அலைன்மென்ட் மெஷின்ல எல்லாம் சரின்னு பச்சையா காட்டும், ரோட்டுல இறங்கி ஒரு பிரேக் அடிச்சா சக்கரம் திரும்பி நிக்கும். புது டயரும் அதே மாதிரி போயிடும். பெரும்பாலான சின்ன கார்ல முன்னாடி டோ மட்டும்தான் திருப்ப முடியும். கேம்பர் அளவு மீறிப் போயிருந்தா ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) ஆர்மோ வளைஞ்சிருக்கான்னு தேடணும். அலைன்மென்ட் அளவு வேலைக்கு முன்னாடி ஒரு பிரின்ட், பின்னாடி ஒரு பிரின்ட் கேட்டு வாங்குங்க.

அச்சாணி
டயர்ல நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். இன்னும் அதைச் சொல்லல.

மழைக்காகம்
4819. தெருமுனை டயர் கடையில பள்ளத்தை மி.மீ.ல அளந்தாங்க. முன்னாடி உள்பக்கம் 1.5, வெளிப்பக்கம் 4. பின்னாடி ரெண்டும் 4.5. கை வெச்சா ரம்பம் மாதிரிதான் இருக்கு.

கொங்குத்தேர்
2019, 48ஆவது வாரம். அஞ்சு வருஷம் தாண்டின டயரை வருஷம் ஒரு தடவை கழட்டிப் பார்க்கணும். பத்து வருஷத்துக்கு மேல பட்டன் எவ்ளோ இருந்தாலும் வேண்டாம்.

முன் ரெண்டும் கட்டாயம் போகணும். பின் டயர் புதுசுல 8 மி.மீ.ன்னு வெச்சா 34,000க்கு 3.5 தேஞ்சிருக்கு. இன்னும் 2.9 பாக்கி. பின்னாடியே இருந்தா 28,000 வரை இழுக்கும், முன்னாடி போட்டா அதுல பாதி. பக்கவாட்டுல மயிர்க்கோடு வெடிப்போ உப்பலோ இல்லைன்னா நாலும் மாத்தத் தேவையில்லை. புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க, பின்னாடி உள்ளது முன்னாடி வரட்டும்.

பஞ்சர்கடை பக்கத்துவீடு
தலைகீழா சொல்றீங்களே. இழுக்குறது, திருப்புறது, முக்காவாசி பிரேக் எல்லாம் முன்னாடிதான். புதுசு முன்னாடிதான் வரணும். எந்தக் கடையிலயும் அப்படித்தான் போடுறாங்க.

நட்டுபோல்ட்டு
கடையில போடுறது தேய்மானக் கணக்கு. மழையில வளைவுல முன் டயர் வழுக்கினா வண்டி நேரா போகும், ஆக்சிலரேட்டரை விட்டா பிடிச்சுக்கும். பின் டயர் தண்ணியில மிதந்தா பின்பக்கம் சுத்திட்டு வரும். அதை ஸ்டியரிங்ல எதிர்த்திருப்பி மீட்கிறது சாதாரண டிரைவருக்கு ஆகாத காரியம். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்குற ஏபிஎஸ்ஸும் அங்க உதவாது. டயர் கம்பெனிக்காரங்களே பின்னாடிதான் போடச் சொல்றாங்க.

பஞ்சர்கடை பக்கத்துவீடு
காஞ்ச ரோட்டுல?

நட்டுபோல்ட்டு
காஞ்ச ரோட்டுல எங்க போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்ல. அதனாலதான் மழையை வெச்சு முடிவு பண்றோம்.

டாப்கியர்_தம்பி
நைட்ரஜன் அடிங்க ப்ரோ, சூட்டுல பிரஷர் ஏறவே ஏறாது.

அச்சாணி
சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் தம்பி. சூடானா ரெண்டும் ஏறும். ஈரம் இருக்காது, கொஞ்சம் மெதுவா இறங்கும், அவ்ளோதான் லாபம். அதுக்கு மாசம் ஒரு தடவை காத்து செக் பண்ணினாலே போதும். அப்புறம் அந்த 195 கதை. முதல் எண் டயரோட அகலம் மி.மீ.ல, கோட்டுக்கு அடுத்தது பக்கவாட்டு உயரம் அந்த அகலத்துல எத்தனை சதவீதம்ங்கிறது. 195/65 போட்டா விட்டம் 2 சதவீதம் ஏறி, மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102ல போகும். 195/60 போட்டா 1 சதவீதம் குறையும். எதை மாத்தினாலும் லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடைக்கான குறியீட்டு எண்) 88க்குக் கீழ போகக்கூடாது, அது ஒரு டயருக்கு 560 கிலோ.

டாப்கியர்_தம்பி
நான் சொன்னது 195/60தான்.

அச்சாணி
நீங்க 195னு மட்டும்தான் எழுதினீங்க. மேலே போய்ப் பாருங்க.

மழைக்காகம்
இடது லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருந்துச்சு, மாத்தியாச்சு. ரெண்டு டயர் மட்டும் வாங்கினேன், கடைக்காரர் முனகிட்டே பின்னாடி போட்டார். அலைன்மென்ட் ஆச்சு. கிளம்புறேன், எல்லாருக்கும் நன்றி.

நட்டுபோல்ட்டு
ரெண்டு பிரின்டையும் படம் எடுத்துப் போடுங்க. டோ முதல்ல எவ்ளோ காட்டுச்சு? ஸ்டெப்னியும் 2019தானே, அதுல காத்து பார்த்தீங்களா?