மரைனர்ஸ் வீரர்கள் கையெழுத்துப் போட்ட பேஸ்பால் கார்டு: எந்தக் கார்டு, எந்தப் பேனா, எங்கே கேட்பது?

ரெட்மண்ட்வாசி (கேள்வி)

வணக்கம். சியாட்டில் மரைனர்ஸ் அணி வீரர்கள் கையெழுத்திட்ட பேஸ்பால் கார்டுகளை (வீரர் படம் அச்சிட்ட சிறு அட்டைகள்) மட்டும் சேர்ப்பதாக முடிவு. வேறு அணி எதுவும் வேண்டாம். இப்போது ஆடுகிறவர்களும் வேண்டும், ஓய்வு பெற்றவர்களும் வேண்டும். கார்டுப் பாக்கெட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரித்துப் பார்க்கும் வசதி கிடையாது.

டாப்ஸ் நிறுவனத்தின் குரோம் கார்டில் ஷார்பி மார்க்கர் பேனாவால் எழுதினால் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டுவிடுகிறது. இது பேனாவின் குறையா, கார்டின் குறையா? தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்குவதற்கு எது சரியான சமயம், உறைக்குள் என்னென்ன வைக்க வேண்டும்? இச்சிரோ, கென் கிரிஃபி ஜூனியர் போன்ற பெரிய தலைகளை ஈபேயில் வாங்கினால் எதை நம்பலாம்? 1969-இல் ஒரே ஒரு வருஷம் சியாட்டிலில் ஆடிய பைலட்ஸ் அணியையும் சேர்த்துக்கொள்ள ஆசை. அது சாத்தியமா?

நீலஷார்பி

பேனா மேல பழி போடாதீங்க. குறை கார்டுலதான். குரோம் கார்டு மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு. தாள்ல மை இறங்கும், இதுல இறங்க இடமே இல்லை. மேலேயே நின்னு திரண்டுக்கும். அதோட விரல் எண்ணெயும் சேர்ந்தா கோடு நடுநடுவே அறுந்து போகும்.

அதனால முதல்ல கார்டைச் சரியா தேர்ந்தெடுங்க. கையெழுத்து வாங்கவே செஞ்ச மாதிரி இருக்கிறது டாப்ஸ் ஹெரிட்டேஜ். 2001-இல் தொடங்கினது, அந்த வருஷம் 1952 டிசைன். அப்பத்திலிருந்து வருஷா வருஷம் 49 ஆண்டு முந்தைய டிசைன்ல வருது. பழைய அட்டை மாதிரியே பளபளப்பு இல்லாத தாள், மை உடனே பிடிக்கும். அடிப்படை செட் 500 கார்டு, 30 அணி, ஆக மரைனர்ஸுக்கு 16, 17 கார்டு தேறும். 400-க்கு மேற்பட்ட எண்கள் குறைவா அச்சாகிறதால விலை ஏறும். மத்ததெல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒரே வீரருக்கு ரெண்டு மூணு வாங்கி வெச்சுக்கலாம், ஒண்ணு கெட்டாலும் கவலையில்லை.

ஹெரிட்டேஜ்ல வராத ரிலீஃப் பிட்ச்சர்கள் (ஆட்டத்து நடுவுல வந்து பந்து வீசறவங்க), மாற்று கேட்ச்சர்கள் எல்லாம் சாதாரண டாப்ஸ்ல வருவாங்க. முதல் சீரிஸ் 350 கார்டு, ரெண்டாவது 350, அப்டேட் 350. அதுல லேசா பளபளப்பு உண்டு, ஆனா சரி பண்ணிடலாம். பேபி பவுடர் ஒரு சிட்டிகை, ஒரு பஞ்சு உருண்டை. கையெழுத்து விழ வேண்டிய இடத்துல அரை நிமிஷம் வட்டமா மெல்லத் தேய்ங்க. அழுத்தினா பளபளப்போட சேர்ந்து கீறலும் விழும். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால பவுடர் துளிகூட இல்லாம துடைக்கணும். இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. மிச்சம் இருக்கிற பவுடர் ஷார்பி முனையில ஏறி அடைச்சுக்கும், அடுத்த கையெழுத்து கோடுகோடா காய்ஞ்சு வரும். பவுடருக்குப் பதிலா வெள்ளை ரப்பரும் போதும்.

குரோம்லயேதான் வேணும்னா இதே வேலையை ரெண்டு முறை செய்யுங்க, புது ஷார்பி கொடுங்க, குறைஞ்சது பத்து நிமிஷம் காயவிடுங்க. காயறதுக்கு முன்னாடி உறையில போட்டா எழுத்தோட பாதி பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டு வரும்.

பேனா: ஷார்பி ஃபைன் பாயின்ட், நீலம். கறுப்பு சில வருஷத்துல பழுப்போ ஊதாவோ அடிக்கும், அதோட அச்சு எழுத்தும் கறுப்பா இருக்கிறதால கையெழுத்து எடுப்பாவே தெரியாது. இரவு ஆட்டப் படம், கடல்நீல ஜெர்சி மாதிரி இருட்டான கார்டுக்கு மட்டும் வெள்ளி நிற பெயின்ட் பேனா. அதைக் குலுக்கி, கழிவுத் தாள்ல ரெண்டு கோடு இழுத்துப் பார்த்துட்டுத்தான் வீரர் கையில தரணும். இல்லைன்னா முதல் எழுத்துலயே பொட்டுன்னு ஒரு சொட்டு விழும். பால்பாயின்ட் பேஸ்பால் பந்துக்கு அருமை, கார்டுக்கு வேண்டாம். தாள்ல பள்ளம் விழும்.

எவரெட்கேலரி

நேரில் வாங்குவதற்கு மரைனர்ஸின் சொந்த மைதானமான டி-மொபைல் பார்க்கைவிட, அவர்களின் கீழ்மட்ட அணிகள் ஆடும் மைனர் லீக் மைதானங்கள் பல மடங்கு மேல். பெரிய மைதானத்தில் சொந்த அணிதான் முதலில் பேட்டிங் பயிற்சி எடுக்கும். கேட் திறந்து நாம் உள்ளே போகும்போது பெரும்பாலும் எதிரணிதான் களத்தில் இருக்கும். மரைனர்ஸ் வீரர் வேலியருகே வந்தாலும் முண்டியடிக்கும் கூட்டத்தில் சிறுவர்களுக்குத்தான் முதலிடம். அதுதான் நியாயமும்.

எவரெட் அக்வாசாக்ஸ் ஹை-ஏ மட்டம், டகோமா ரெய்னியர்ஸ் டிரிபிள்-ஏ மட்டம் (மேஜர் லீக்குக்கு நேர் கீழே உள்ளது). இரண்டும் சியாட்டிலிலிருந்து காரில் போய்விட்டு அன்றே திரும்பும் தூரம். 2021 முதல் மைனர் லீக் தொடர்கள் பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை, ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். செவ்வாயன்று யார் எந்த எண், யார் நின்று கையெழுத்துப் போடுகிறார், யார் தலையாட்டிவிட்டுப் போகிறார் என்று பார்த்து வைத்தால் மற்ற நாள்களில் தேட வேண்டியதில்லை. அன்று பந்து வீசப்போகும் பிட்ச்சரை மட்டும் ஆட்டத்துக்கு முன் கேட்காதீர்கள். மறுநாள் அவரே சும்மா உட்கார்ந்திருப்பார்.

காயத்திலிருந்து மீளும் மேஜர் லீக் வீரர்கள் சில ஆட்டங்களுக்கு டகோமாவுக்கோ எவரெட்டுக்கோ வருவார்கள். அணி அறிவிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னால்தான் வரும். அப்படிப்பட்டவர்களின் ஹெரிட்டேஜ் கார்டைப் பையில் தயாராக வைத்திருங்கள். கார்டே வராத இளைஞர்களுக்கு மைதானக் கடையில் விற்கும் அணி செட் இருக்கிறது.

கேட்கும் முறை: பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், "ஏய், 23" என்று வேண்டாம். பேனா மூடி கழன்றிருக்க வேண்டும். கார்டுக்கு அடியில் கெட்டியான பலகை, கார்டு நழுவாமல் ஓரத்தில் ஒரு ரப்பர் பேண்ட். ஒரு முறைக்கு இரண்டு கார்டு போதும். எட்டு நீட்டினால் விற்பனைக்காரர் என்று முத்திரை விழும், அடுத்த நாளும் அதே முகத்தை அவர் மறக்க மாட்டார்.

தபாலுக்கு வருவோம். சமயம் பிப்ரவரி முதல் வாரம். பிட்ச்சர்களும் கேட்ச்சர்களும் பிப்ரவரி நடுவில் அரிசோனாவில் உள்ள பியோரியா ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸுக்கு வந்துவிடுவார்கள். அங்கே நேரமும் இருக்கும், தபால் குவியலும் சிறிது. ஜூலையில் மைதான முகவரிக்கு அனுப்புவது சூதாட்டம்: மாத இறுதியை ஒட்டி வீரர் மாற்றக் கெடு வருகிறது, ஆள் வேறு அணிக்குப் போனால் அவர் தபால் பின்னாலேயே போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

உள்ளே வைக்க வேண்டியவை: கையால் எழுதிய அரைப்பக்கக் கடிதம், ஒன்று அல்லது இரண்டு கார்டு, தபால்தலை ஒட்டி உங்கள் முகவரி எழுதிய திரும்பும் உறை. வெளி உறை 10-ஆம் எண் என்றால் திரும்பும் உறை 9-ஆம் எண் வாங்குங்கள், மடிக்காமலே உள்ளே போகும். கார்டை டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். அதிலிருந்து உருவி எடுக்க வீரருக்குப் பொறுமை இருக்காது, உறையும் கால் அங்குலத் தடிமனைத் தாண்டிவிட்டால் கடிதக் கட்டணம் செல்லாது. மெல்லிய உறையில் போட்டு இரண்டு பக்கமும் தானியப் பெட்டி அட்டைத் துண்டு வைத்தால் போதும். விறைப்பான உறைக்கு எந்திரத்தில் போகாத கடிதம் என்று கூடுதல் கட்டணம் உண்டு. அதைத் திரும்பும் உறையிலும் ஒட்ட மறந்துவிடுகிறார்கள். தபால்தலை ஃபாரெவர் வகையாக இருக்கட்டும், ஒன்றரை வருஷம் கழித்து வந்தாலும் விலையேற்றம் பாதிக்காது. திரும்பும் உறையின் மடிப்புக்குள் வீரர் பெயரைப் பென்சிலில் சிறிதாக எழுதுங்கள். சிலர் போடும் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது. சில சமயம் வேறொருவர் கார்டு தவறி வந்து சேரும்.

யார் திருப்பி அனுப்புகிறார், எத்தனை நாளில், பணம் கேட்கிறாரா என்பதையெல்லாம் ஸ்போர்ட்ஸ்கலெக்டர்ஸ்.நெட் தளத்தில் உறுப்பினர்கள் பதிந்து வைக்கிறார்கள். அனுப்பும் முன் அங்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பைலட்ஸ்70

இச்சிரோவும் கிரிஃபியும் தபாலில் வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். வாங்கத்தான் வேண்டும். வாங்கும்போது என் வரிசை இது.

முதலிடம், கார்டு நிறுவனமே கையெழுத்து வாங்கிப் பாக்கெட்டில் போட்ட கார்டு. பின்பக்கத்தில் நிறுவனத்தின் உறுதிமொழி அச்சாகியிருக்கும். கார்டிலேயே போட்டதா, ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதா என்று பாருங்கள், விலை வித்தியாசம் அதில்தான். மரைனர்ஸின் ஹூலியோ ரோட்ரிகஸ் கையெழுத்திட்ட முதல் போமன் குரோம் கார்டு (போமன் என்பது டாப்ஸின் இளம் வீரர் வரிசை) 2019-இல் வந்தது. அந்த வரிசையில் நிறத்துக்கு ஏற்ப அச்சிடும் பிரதிகள் குறையும்: ரிஃப்ராக்டர் (ஒளியில் மின்னும் வகை) 499, ஊதா 250, நீலம் 150, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5. அணிக்காகச் சேர்ப்பவருக்கு எண்ணிடாத சாதாரணக் கார்டே போதும், மை ஒன்றுதான். மேஜர் லீக் வரை வராமல் போன மரைனர்ஸ் இளைஞர்களின் போமன் கையெழுத்துகள் சில டாலருக்கே கிடைக்கும். இந்தச் சேகரிப்பில் இதைவிட மலிவான நிஜக் கையெழுத்து வேறில்லை.

அடுத்து, கையெழுத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்களான பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மூன்றில் ஒன்றின் சான்று. ஸ்டிக்கரைப் பார்த்ததும் திருப்தியடையாதீர்கள். எண்ணை அவர்கள் தளத்தில் அடித்து, அதே கார்டுதானா என்று ஒப்பிடுங்கள். கேள்விப்படாத பெயரில் அச்சடித்த சான்றிதழ் வெறும் காகிதம். 1990-களின் இறுதியில் எஃப்பிஐ நடத்திய ஆபரேஷன் புல்பென் விசாரணையில் பிடிபட்ட போலிகளுக்கும் சான்றிதழ் இருக்கத்தான் செய்தது. 2001-இல் மேஜர் லீக் தன் சொந்தச் சான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அதன் ஹாலோகிராம் முத்திரை பெரும்பாலும் பந்து, மட்டை, ஜெர்சியில்தான் இருக்கும், கார்டில் எதிர்பார்க்காதீர்கள்.

இச்சிரோ 2025-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (பேஸ்பாலின் புகழ் மண்டபம்) தேர்வானார், 394 வாக்கில் 393. அப்படிப்பட்ட சமயத்தில் போலியும் சேர்ந்து பெருகும். விற்பவரின் மற்றப் பொருள்களைப் பாருங்கள். ஒரே நடுக்கமில்லாத கையில் பத்து வெவ்வேறு நட்சத்திரங்கள் இருந்தால் விலகிவிடுங்கள். எந்திரக் கையெழுத்தில் கோடு முழுக்க ஒரே தடிமன், தொடக்கமும் முடிவும் மொட்டையாகப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். இரண்டு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தும். மனிதன் போட்ட இரண்டு கையெழுத்து ஒருநாளும் அப்படிப் பொருந்தாது.

கிரிஃபியின் 1989 அப்பர் டெக் முதல் எண் கார்டில் கையெழுத்து தேடினால் இன்னொன்று: அது பளபளப்பான கார்டு, நீலஷார்பி சொன்ன முத்துத் திரளல் அதிலும் வரும். (அந்தப் படத்தில் அவர் போட்டிருந்தது சான் பெர்னார்டினோ அணித் தொப்பி. மரைனர்ஸ் தொப்பியாக நிறம் மாற்றி அச்சிட்டார்கள்.)

பைலட்ஸ் சாத்தியமே. 1969-இல் 98 தோல்வியோடு முடித்து, 1970 சீசன் தொடங்க சில நாள் இருக்கும்போது மில்வாக்கிக்குப் போய் புரூவர்ஸ் ஆனார்கள். டாப்ஸ் அதற்குள் அச்சடித்துவிட்டதால் 1970 செட்டில், இல்லாத அணியின் பெயரில் முழு வரிசை இருக்கிறது. சாம்பல் ஓரம், பூச்சில்லாத அட்டை. இதில் பவுடர் பக்கமே போகாதீர்கள். நீக்கப் பளபளப்பு எதுவும் இல்லை, பவுடர் நாரில் ஏறி நிற்கும். ஷார்பி கொஞ்சம் ஊறிப் பரவும், அதனால் மிகக் கூர்மையான முனை வேண்டும். அந்த வீரர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களும் எண்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். பட்டியலில் இவர்களைத்தான் முதலில் வையுங்கள். சிலர் கார்டுக்குச் சிறு தொகை கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

ரெட்மண்ட்வாசி

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 2024 ஹெரிட்டேஜ் வாங்கிப் பார்த்தேன். 1975 டிசைன் என்பதால் முகப்பிலேயே அச்சிட்ட கையெழுத்து இருக்கிறது. அதன் மேலேயே போடச் சொல்வதா, தள்ளிப் போடச் சொல்வதா? வாங்கியதை எப்படி வைப்பது?

நீலஷார்பி

தள்ளித்தான். சட்டையோட வெளுத்த பகுதி, வானம், இப்படி ஒரு இடத்தை விரலால காட்டுங்க. தபால்னா கடிதத்துல ஒரு வரி எழுதுங்க. 1975 மட்டுமில்லை, 1977, 1980, 1982 டாப்ஸ்லயும் அச்சுக் கையெழுத்து உண்டு. ஈபேயில அதையே காட்டி 'கையெழுத்திட்ட கார்டு'ன்னு விக்கிறவங்களும் இருக்காங்க. விளக்குக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க: நிஜ மை அட்டைக்கு மேல தனியா மினுங்கும், அச்சு மினுங்காது.

வைக்கிறதுக்கு முதல்ல மெல்லிய உறை, அப்புறம் 35 பாயின்ட் (கார்டின் தடிமன் அளவு) டாப்லோடர். ஜெர்சித் துணி வெச்ச தடிமன் கார்டுக்கு 130 பாயின்ட். அணி வரிசையா பார்க்கணும்னா ஒன்பது பை உள்ள பக்கங்கள், டி வளைய ஃபைல். பிவிசி இல்லாத பக்கமான்னு அட்டைப்பெட்டியில பார்த்து வாங்குங்க, இருந்தா நாளாவட்டத்துல பிசுபிசுத்து மையை இழுக்கும். சுவர்ல மாட்டணும்னா புற ஊதாவைத் தடுக்கிற காந்தப் பெட்டி வாங்குங்க, ஆனா ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல வேண்டாம். அந்தப் பெட்டி மங்கறதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

எவரெட்கேலரி

டாப்லோடர் வாயை சாதாரண செலோ டேப்பால் ஒட்டாதீர்கள். பெயின்டர்ஸ் டேப், ஓரத்தை மடித்து இழுக்க ஒரு வால் விட்டு.