கனடாவின் எட்மன்டன் குளிரில் குகனின் கோழிகள்

குழு: அம்மம்மா வீட்டார்

வெள்ளிக்கிழமை

குகன், மாலை 4:06
எல்லோருக்கும் வணக்கம். நாளை இரவு எட்மன்டனில் மைனஸ் 36 என்று வானிலை அறிக்கை சொல்கிறது. எங்கள் கோழிகளுக்கு இது முதல் குளிர்காலம். தீன் வாங்கப் போன கடையில் 250 வாட் சிவப்பு விளக்கு ஒன்றை எடுத்துக் காட்டி, இது இல்லாவிட்டால் ஒரே இரவில் ஐந்தும் செத்துவிடும் என்கிறார்கள். சுமதி அக்கா, வாங்கட்டுமா?

சுமதி அக்கா, மாலை 4:09
வாங்காதே.

சுமதி அக்கா, மாலை 4:09
வேலை முடிந்து இப்போதுதான் பஸ்ஸில் ஏறினேன். இரு, விரிவாக எழுதுகிறேன்.

வாணி, மாலை 4:13
அக்கா, இவரைவிட எனக்குத்தான் பயம். இன்று காலை கூட்டுக் கதவைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கப் பனி பூத்திருந்தது. ஆணித் தலைகளில்கூட வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. இவ்வளவு குளிர் உள்ளே வந்தால் அவை எப்படித் தாங்கும்? மேலே இருக்கிற காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைத்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

சுமதி அக்கா, மாலை 4:21
வாணி, தயவுசெய்து அடைக்காதே. அந்தப் பனி வெளியிலிருந்து வந்ததல்ல. ஐந்து கோழிகளும் இரவெல்லாம் விட்ட மூச்சும், எச்சத்திலிருந்து எழுந்த ஆவியும்தான் கண்ணாடியில் போய் உறைந்திருக்கின்றன. துளைகள் போதாது என்பதற்கு அதுதான் அடையாளம். இன்னும் திறக்க வேண்டும்.

கோழியின் உடல் வெப்பம் நம்மைவிட அதிகம், 41, 42 டிகிரி. இறகைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இறகுகளுக்கு இடையே காற்று நின்றுவிடும். அது சூட்டை வெளியே விடாது. ஆனால் இறகு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் ஏறி இறகு படிந்துபோனால் அந்தக் காற்று நிற்காது. கொண்டையிலும் தாடியிலும் ஈரம் படிந்தால் அதே இடம் முதலில் உறையும். குளிரைக் கோழி தாங்கும், குகன். ஈரத்தோடு சேர்ந்த குளிரைத்தான் தாங்காது.

மிதிலா, மாலை 4:24
அப்படியென்றால் துளை வழியாகக் குளிர் காற்று கோழிகள்மேல் அடிக்காதா?

சுமதி அக்கா, மாலை 4:30
நல்ல கேள்வி. துளை எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தடியில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிர் சுவர்களில் இருக்க வேண்டும். ஈரக் காற்று மேலே எழும்பி வெளியே போய்விடும். தலைக்குக் கீழே ஒரு விரல் இடுக்குக்கூட இருக்கக் கூடாது. குகன், இன்று இரவு டிஷ்யூ தாளை ஒரு நீளத் துண்டாகக் கிழித்து, கோழி தூங்கும் தடியில் ஒட்டி வைத்துப் பார். தாள் ஆடாமல் தொங்கினால் சரி. படபடத்தால் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று தேடி, அந்த இடுக்கை மட்டும் அடை.

குகன், மாலை 4:33
சரி அக்கா. ஆனால் விளக்கு ஏன் வேண்டாம்? பாதுகாப்புக்கு ஒன்று இருந்தால் நல்லதுதானே?

தேவன் மாமா (டொரொன்டோ), மாலை 4:40
மருமகனே, இதற்கு நான் பதில் சொல்கிறேன். மின் வேலைதானே என் தொழில். 250 வாட் வெப்ப விளக்கு என்பது காய்ந்த வைக்கோலும் மரச்சீவலும் இறகுத் தூசியும் நிறைந்த மரப் பெட்டிக்குள் நெருப்பைத் தொங்கவிடுவது போன்றது. கோழி ஒருமுறை பறந்து மோதினால் போதும், கொக்கி கழன்று கீழே விழும். கூட்டிலிருந்து உன் வீட்டுச் சுவர் எவ்வளவு தூரம்?

குகன், மாலை 4:41
எட்டு அடி இருக்கும் மாமா. இடையில் மர வேலி.

தேவன் மாமா, மாலை 4:42
பிறகு என்ன? வேண்டவே வேண்டாம்.

சுமதி அக்கா, மாலை 4:47
இன்னொன்றும் இருக்கிறது. 2024 ஜனவரி 13 நினைவிருக்கிறதா? இதே மாதிரிக் கடும் குளிர். மாலை நேரத்தில் நம் ஆல்பர்ட்டா மாகாணம் முழுக்க எல்லோருடைய கைப்பேசியும் அலறியது, மின்சாரத்தை உடனே குறையுங்கள் என்று. மக்கள் குறைத்ததால் அன்று மின்வெட்டு வரவில்லை. வந்திருந்தால்? வாரக்கணக்கில் விளக்குச் சூட்டில் இருந்து பழகிய கோழிக்கு அந்த ஓர் இரவுதான் ஆபத்து. உன் கோழிகள் செப்டம்பரிலிருந்து குளிரோடு சேர்ந்தே உள்ளிறகு வளர்த்து வந்திருக்கின்றன. அதைக் கெடுக்காதே.

மிதிலா, மாலை 4:50
கராஜுக்குள் கொண்டுபோய் வைத்தால்?

சுமதி அக்கா, மாலை 4:55
கார் புகை இருக்கும் இடத்தில் வேண்டாம். அவற்றின் சுவாசப்பை மிக மென்மையானது. சுகமில்லாத கோழி, இறகு உதிர்த்து உடம்பு வெறுமையாக இருக்கும் கோழி, இவை இரண்டை மட்டும் நாய்க்கூண்டில் வைத்துக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவரலாம். அதையும் கொண்டுவந்தால் குளிர் தணியும் வரை உள்ளேதான் வைத்திருக்க வேண்டும். பகலில் 18 டிகிரி, இரவில் மைனஸ் 36 என்று மாற்றி மாற்றி வைத்தால் எந்த உயிரும் தாங்காது.

அம்மம்மா (சாவகச்சேரி), மாலை 5:02
(குரல் செய்தி, ஆரணி எழுத்தில் தருகிறாள்)
குகன் ராசா, இங்கே விடியப்போகிறது, எழும்பிவிட்டேன். அந்த ஊர்க் குளிர் எனக்குத் தெரியாது. ஆனால் சுமதி சொல்வது சரி. மாரி காலத்தில் நம் கோழிகள் குளிரில் செத்ததில்லை. கூட்டுக்குள் தண்ணீர் வந்து, தரை சேறாகி, இரண்டு நாள் அப்படியே கிடந்தால்தான் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழும். அதனால்தான் ஐப்பசி பிறக்க முன்பே கூட்டைக் கல் வைத்து உயர்த்தி, அடியில் சாம்பலும் காய்ந்த உமியும் போடுவோம். நீ அடியில் என்ன போட்டிருக்கிறாய்?

குகன், மாலை 5:06
மரச்சீவல் அம்மம்மா. மூன்று விரல் உயரம் இருக்கும்.

சுமதி அக்கா, மாலை 5:12
அது போதாது. இன்று இரவே ஒரு சாண் உயரத்துக்கு ஏற்று. பைன் சீவல் வாங்கு, சீடார் வேண்டாம், அந்த வாசனை அவற்றின் மூச்சுக்கு ஆகாது. தடிக்கு நேர் கீழே விழும் எச்சத்தை மட்டும் காலையில் அள்ளிவிடு. உறைந்து கல்லாக இருக்கும், சுலபமாக வந்துவிடும். மற்றதைக் கிளறி மேலே புதிய சீவல் போட்டுக்கொண்டே வா. குனிந்து மூக்கை வைத்துப் பார்க்கும்போது கண் எரிந்தால் அமோனியா ஏறிவிட்டது என்று அர்த்தம். நமக்குக் கண் எரியும் இடத்தில் அவை இரவு முழுக்க இருக்கின்றன.

குகன், மாலை 5:31
(புகைப்படம்)
அக்கா, இதுதான் தூங்கும் தடி. பார்த்துச் சொல்லுங்கள்.

சுமதி அக்கா, மாலை 5:36
இது விளக்குமாற்றுக் கம்பு மாதிரி உருண்டையாக இருக்கிறதே. மாற்ற வேண்டும். வேலிக்கு வாங்கிய இரண்டுக்கு நாலு அங்குல மரச் சட்டம் மிச்சம் இருக்கும் அல்லவா? அதன் அகலப் பக்கம் மேலே வரும்படி படுக்கையாக வை. கோழி விரல்களை மடக்காமல் பரப்பி நின்றால்தான் மேலே உட்காரும்போது வயிற்று இறகு முழுப் பாதத்தையும் மூடும். உருண்டைக் கம்பில் விரல்கள் கீழே வளைந்து வெளியே நிற்கும், அவைதான் உறையும். உலோகக் குழாயும் கூடாது. ஒரே சட்டத்தில் ஐந்தும் ஒட்டி உட்காரும் அளவு நீளம் இருக்கட்டும்.

வாணி, மாலை 5:40
வெட்டிக்கொண்டிருக்கிறார் அக்கா. கையுறையைக் கழற்றிவிட்டு நிற்கிறார், திட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை

குகன், காலை 8:50
தாள் ஆடவில்லை. கதவின் கீல் பக்கம் மட்டும் கொஞ்சம் ஆடியது, அதை அடைத்துவிட்டேன். வடக்குச் சுவரில் மேலே இன்னொரு துளை போட்டுக் கம்பி வலை அடித்தேன். இப்போது பிரச்சினை தண்ணீர். ஒரு மணி நேரத்தில் பாத்திரம் பாறையாகிவிடுகிறது.

ஆரணி, காலை 8:53
குகன் மாமா, அவை வெளியே இருக்கிற பனியைக் கொத்தித் தின்னாதா?

சுமதி அக்கா, காலை 9:04
தின்னும் கண்ணா, ஆனால் அது போதாது. அதை வயிற்றில் உருக்கவே உடம்புச் சூடு செலவாகும். தண்ணீர் இல்லாவிட்டால் தீனும் தின்னாது, தின்னாவிட்டால் சூடும் இல்லை. குகன், நாய்க்கு வைக்கும் சூடேறும் தண்ணீர்ப் பாத்திரம் கடையில் கிடைக்கும், வாங்கு. உன் காரின் எஞ்சின் சூடாக்கியைச் செருகும் வெளிப்புற பிளக் இருக்கிறதே, அதிலிருந்தே எடுக்கலாம். பாத்திரத்தைக் கூட்டுக்குள் வைக்காதே, அதுவும் ஆவி விடும். கம்பி வலை முற்றத்தில் வை. இரவில் அவை குடிக்காது.

தேவன் மாமா, காலை 9:10
வெளிப்புறத்துக்கு என்று எழுதியிருக்கும் கம்பியை மட்டும் எடு. பிளக்கில் சோதனைப் பொத்தான் இருக்கிறதா என்று பார், அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். கம்பியும் பாத்திரமும் சேரும் இடம் பனிக்குள் கிடக்கக் கூடாது.

குகன், காலை 9:15
சரி மாமா.

வாணி, காலை 10:22
அக்கா, அவை முற்றத்துக்கு வர மறுக்கின்றன. வெள்ளைக் கோழி வாசலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பனியில் வைக்கிறது, எடுக்கிறது, திரும்பி உள்ளே போகிறது.

சுமதி அக்கா, காலை 10:31
வைக்கோலைப் பரப்பி வழி போட்டுக்கொடு, வரும். முற்றத்தின் வடக்கும் மேற்கும் தடித்த பிளாஸ்டிக் தாளால் மறை. மேலே ஒரு சாண் விட்டுவிடு. வெயில் உள்ளே வரும், காற்று வராது. வெளியே வந்து கிளறினால் உள்ளே ஈரம் சேர்வதும் குறையும். ஆனால் இன்று முழுக்க அவை வரவே இல்லை என்றாலும் வற்புறுத்தாதே.

அம்மம்மா, காலை 10:40
(குரல் செய்தி)
படுக்கப்போகும் முன்பு கேட்கிறேன். கொண்டைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் என்ன?

சுமதி அக்கா, காலை 10:46
இங்கே வாஸ்லின் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள் அம்மம்மா. அதை நம்பி இருக்க முடியாது. கூடு ஈரமாக இருந்தால் எதைத் தடவினாலும் காப்பாற்றாது. குகனின் வெள்ளைக் கோழி லெகான் இனம், கொண்டை பெரியது, மெல்லியது. அதைத்தான் கவனிக்க வேண்டும். மற்ற நான்கும் வையன்டாட், அவற்றின் கொண்டை தலையோடு படிந்திருக்கும். கியூபெக்கில் ஓகா மடத்தில் இருந்த ஒரு துறவி, இந்த நாட்டுக் குளிருக்கென்றே ஷான்டெக்ளேர் என்று ஓர் இனத்தை உருவாக்கினார். கொண்டையும் தாடியும் இருக்கிற இடமே தெரியாது. அடுத்த முறை கோழி வாங்கும்போது அதைத் தேடு, குகன்.

குகன், மதியம் 1:15
முட்டை இரண்டு வாரமாக ஒன்றுமே இல்லை அக்கா. அதுவும் குளிரால்தானா?

சுமதி அக்கா, மதியம் 1:24
குளிரைவிட வெளிச்சம்தான் காரணம். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஏழரை மணி நேரம்கூட முழுதாக இல்லை. முட்டை இட அவற்றுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். வேண்டுமானால் சின்ன எல்இடி பல்பை டைமரில் போட்டு, விடிவதற்கு முன்பு எரியவிடு. மாலையில் வேண்டாம், திடீரென்று அணைந்தால் இருட்டில் தடி ஏற முடியாமல் தரையிலேயே படுத்துவிடும். நான் போடுவதில்லை. இறகு வளர்க்கிற காலத்தில் அவை ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

சுமதி அக்கா, மதியம் 1:27
தீனை மட்டும் குறைக்காதே. சாதாரண நாளில் ஒரு கோழி 120 கிராம் அளவு தின்னும், இந்தக் குளிரில் அதைவிடக் கூடுதலாகத் தின்னும். இன்று பொழுது சாய முன்பு உடைத்த சோளம் ஒரு கைப்பிடி போடு. இரவெல்லாம் செரித்துக்கொண்டிருக்கும், அந்தச் சூடு உடம்புக்கு. தடி ஏறிய பிறகு ஒவ்வொன்றின் கழுத்தடியில் தீன்பையைத் தொட்டுப் பார். உருண்டையாக, நிறைந்து இருக்க வேண்டும். வெறுமையாக இருக்கும் கோழி எதுவோ அதை மற்றவை தின்ன விடுவதில்லை என்று புரிந்துகொள், நாளைக்கு இரண்டாவது தட்டு வை.

வாணி, இரவு 7:48
ஐந்தும் நிறைந்திருக்கின்றன. பார்க்கும்போது ஒன்று என் கைக்குள்ளேயே தூங்கிவிட்டது. இறகுக்குள் விரலை விட்டேன் அக்கா, எவ்வளவு சூடு!

ஞாயிற்றுக்கிழமை

குகன், காலை 8:38
மைனஸ் 37 வரை போயிருக்கிறது. ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. கண்ணாடியில் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. தண்ணீர் உறையவில்லை, வரிசையாக நின்று குடிக்கின்றன.

தேவன் மாமா, காலை 8:40
கடவுளே, நிம்மதி.

குகன், காலை 8:52
(புகைப்படம்)
ஆனால் லெகான் கொண்டையில் கடைசி இரண்டு நுனிகளும் வெளுத்திருக்கின்றன. வாணி ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சுமதி அக்கா, காலை 8:57
நல்லதாகப் போயிற்று. சூட்டுக் காற்று வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், தொட்டாலே வலிக்கும். உறைந்த இடம் இளகி மறுபடி உறைந்தால்தான் நிரம்பக் கெடும். அதனால் அதை மட்டும் கீழ்த்தளத்தில் மிதமான குளிர் உள்ள அறையில் வை, குளிர் விடும் வரை வெளியே விடாதே. தனியாக இருந்தால் ஏங்கும், சாதுவான வையன்டாட் ஒன்றையும் கூட வை. நுனி சில நாளில் கறுத்துக் காய்ந்து தானாக விழும், வெட்டாதே. வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டு போ. கால் விரல்களையும் பார்த்தாயா?

வாணி, காலை 9:03
பார்த்தேன். பத்துக் காலும் மஞ்சளாக, நன்றாக இருக்கின்றன. புதிய சட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தன.

சுமதி அக்கா, காலை 9:05
லெகானின் கொண்டைக்குப் பக்கத்தில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது எந்த இடத்தில் உட்காருகிறது?

குகன், காலை 9:11
சட்டத்தின் ஓரத்தில், சுவரை ஒட்டி. அங்கே கூரை தாழ்வு.

சுமதி அக்கா, காலை 9:14
அதுதான். ஆவி அந்த மூலையில் தங்கிவிடுகிறது. சட்டத்தை அரை அடி கீழே இறக்கு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வை. நான் மதியம் மில்வுட்ஸிலிருந்து புறப்பட்டு வருகிறேன், துளையிடும் கருவி என்னிடம் இருக்கிறது. இன்றிரவும் மைனஸ் 34 போட்டிருக்கிறான்.

தேவன் மாமா, காலை 9:16
சுமதி, போனால் அந்தக் கம்பி இணைப்பைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

குகன், காலை 9:19
நானே அனுப்புகிறேன் மாமா. வேலிக் கட்டையில் உயர்த்திக் கட்டிவிட்டேன். சோதனைப் பொத்தானும் வேலை செய்கிறது. அக்கா, மதியச் சாப்பாடு இங்கேதான்.