எம்.எஸ். உள்ளவர் முழு மாரத்தான் ஓட: சூடு, உரசும் பாதம், பாலக்கோடு பக்கத்துப் பாதை

பாலக்கோட்டுக்காரி கேட்கிறார்:

வணக்கம்ங்க. வயசு 34. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், மூளை, தண்டுவட நரம்போட உறை உரியுற நோய்) உறுதியாகி ரெண்டு வருஷம், விட்டுவிட்டு வர்ற வகை. அதுக்கு மாத்திரை டைமெத்தில் ஃப்யூமரேட் 240 மி.கி. காலையும் ராத்திரியும். சிறுநீர் அவசரத்துக்கு சோலிஃபெனசின் 5 மி.கி. கடைசி ரிலாப்ஸ் (நோய் மறுபடி கிளம்புறது) முடிஞ்சு 14 மாசம். ஓடத் தடையில்லைன்னு நரம்பியல் டாக்டர் சொல்லிட்டார். இப்போ 10 கி.மீ. 75 நிமிஷத்துல முடியுது. ஆனா 7 கி.மீ. தாண்டினதும் வலது பாதம் தரையில உரச ஆரம்பிக்குது, வலது கண் மங்குது. நின்னு அரை மணி நேரம் ஆனா ரெண்டும் சரியாயிடுது.

அடுத்த குளிர்காலத்துல முழு மாரத்தான் ஓடணும். மூணு கேள்வி. இந்த உரசலும் மங்கலும் நரம்பைக் கெடுக்குதா? 42 கி.மீ.க்கு எப்படித் தயாராகுறது? நம்ம பக்கத்துல எங்க, எத்தனை மணிக்கு ஓடுறது?

அதியமான்கோட்டை:

முதல் கேள்விக்கு முதலில். நீங்கள் சொல்வது உத்தாஃப் நிகழ்வு. ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உத்தாஃப் 1890-இல் பதிவு செய்தது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை உரிந்த இடத்தில் மின் சைகை ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் அரை டிகிரி செல்சியஸ் சூடானாலே அந்த இடத்தில் சைகை நின்றுவிடும். குளிர்ந்ததும் மறுபடி ஓடும். புதிதாக எந்த உறையும் உரியவில்லை, பழைய தழும்பு சூட்டில் தன்னைக் காட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். உடற்பயிற்சி ரிலாப்ஸை வரவழைக்கும் என்று ஒரு காலத்தில் படுக்கச் சொன்னார்கள். இன்று அப்படி யாரும் சொல்வதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: மங்கிய கண்ணோடும் உரசும் காலோடும் இடறி விழுவது.

ஆகவே உங்கள் தடை நுரையீரலும் இல்லை, தொடையும் இல்லை. உள்சூடு. இதைப் பிடித்துக்கொண்டால் பயிற்சியின் மற்ற எல்லா முடிவும் தானாக வரும்.

ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவாகிறது. அதில் பெரும்பங்கு, முக்கால் பங்குக்கும் மேல், வெறும் சூடாகத்தான் போகும். 60 கிலோ உள்ளவர் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஓடினால் மணிக்கு 480 கிலோ கலோரி. அதையே 10 கி.மீ. வேகத்தில் ஓடினால் 600. உடம்பு ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளக்கூடிய சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. உள்ளே பிறப்பது அதைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் மிச்சம் சேரும். நீங்கள் இப்போது ஓடுவது கி.மீ.க்கு 7:30, அதாவது மணிக்கு 8 கி.மீ. 7-வது கி.மீ.இல் பாதம் உரசுகிறது என்றால் ஏறத்தாழ 52 நிமிடத்தில் மிச்சம் எல்லையைத் தொட்டுவிட்டது. தூரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். மெதுவாக ஓடும் 20 கி.மீ.யை விட வேகமாக ஓடும் 5 கி.மீ. எம்.எஸ். உடம்புக்குக் கடுமையாக இருப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது: முதல் நிமிடத்திலிருந்தே 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. களைத்த பிறகு நடப்பதில் பயனில்லை, அதற்குள் சூடு சேர்ந்திருக்கும். மொத்தச் சராசரி கி.மீ.க்கு 8:30 அளவில் வரட்டும். அந்தக் கணக்கில் 42.195 கி.மீ.க்கு 6 மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறையும். பந்தயத்தில் கடைசி நேர வரம்பு 6 மணியா 7 மணியா என்று பதிவு செய்யும் முன்பே பாருங்கள். 6 மணி என்றால் அந்தப் பந்தயத்தை விட்டுவிடுங்கள். நேரத்துக்காக அவசரப்பட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். எம்.எஸ். சிலருக்கு இதயத் துடிப்பைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்பையும் தொடும். அப்போது உழைப்புக்கு ஏற்றபடி துடிப்பு ஏறாது. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதே நல்ல அளவுகோல்.

கால்தடம்:

பாதத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

முன்பாதத்தைத் தூக்குறது கணுக்காலுக்கு மேல முன்பக்கம் இருக்குற தசை. அதுக்குப் போற சைகை தளர்ந்தா பெருவிரல் கீழ தொங்கும், ஷூ முனை உரசும். அதைச் சரிக்கட்ட இடுப்பைத் தூக்கி வீசி ஓட ஆரம்பிப்பீங்க. ரெண்டு மாசம் கழிச்சு இடது முழங்கால் வெளிப்பக்கமும் இடுப்பும் வலிக்கும்போது, வலின்னு இடது காலுக்கு மருத்துவம் பார்ப்பாங்க. காரணம் வலது பாதம்.

ஓடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. செருப்பில்லாம குதிகால்ல மட்டும் 20 அடி நடங்க. வலது முன்பாதம் எத்தனாவது அடியில இறங்குதுன்னு எழுதி வையுங்க. ஓடி முடிச்ச உடனே ஒருமுறை, 30 நிமிஷம் கழிச்சு ஒருமுறை. மூணு எண்ணும் ஒரு நோட்டுல. ஓடாத நாள் காலையில எண் குறைஞ்சுகிட்டே வந்தா அது சூட்டு விஷயம் இல்ல, டாக்டரைப் பாருங்க. பழைய ஷூ ரெண்டையும் திருப்பிப் பாருங்க, வலது முனை மட்டும் வழவழன்னு தேஞ்சிருந்தா ரொம்ப நாளா உரசுதுன்னு அர்த்தம்.

ஷூவின் லேஸ் துளையில மாட்டி, கணுக்காலைச் சுத்துற பட்டையோட இழுக்குற எலாஸ்டிக் தூக்கி கிடைக்குது. லேசான தொங்கலுக்கு ஓட அதுவே போதும். கடினமான பிளாஸ்டிக் பிடிப்பு நடக்க நல்லது, ஓடும்போது கெண்டைக்காலைச் சிராய்ச்சிடும். பாதத்தைத் தூக்க வைக்கிற மின் தூண்டல் கருவியை பிசியோவோட ஆலோசனை இல்லாம வாங்காதீங்க, எலக்ட்ரோடு சரியான இடத்துல உக்காரலைன்னா பாதம் ஒருபக்கமாத் திரும்பும்.

வாரம் மூணு நாள் வலுப்பயிற்சி: நாற்காலியில உக்காந்து முன்பாதம் தூக்கல் 15 தடவை மூணு சுற்று, ஒத்தைக் கால்ல சுவர் பக்கத்துல நிக்கிறது 30 விநாடி, ஒரு படி ஏறி மெதுவா இறங்கல் 10. ஓடுற நாளில ஓட்டத்துக்கு அப்புறம்தான். முன்னாடி செஞ்சா அந்தத் தசை அப்பவே களைச்சுப்போகும்.

பாலக்கோட்டுக்காரி:

ரொம்ப நன்றி. குளிர்ச்சிக்கு ஐஸ் ஜாக்கெட் விலை கட்டுப்படியாகல. பாதத்துல ஐஸ் கட்டி வெச்சுக்கலாமா? அப்புறம் நீள ஓட்டத்துக்கு வத்தல்மலை குளுகுளுன்னு இருக்கும்னு தோணுது, சரியா வருமா?

அதியமான்கோட்டை:

பாதத்தில் ஐஸ் வேண்டாம், தயவுசெய்து. எம்.எஸ். உள்ள பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தோல் வெந்துபோனாலும் தெரியாது. எங்கே வைத்தாலும் ஒரு பருத்தித் துணி நடுவில் இருக்கட்டும்.

விலை உயர்ந்த ஜாக்கெட் தேவையில்லை. ஓடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் எலுமிச்சை, சர்க்கரை, உப்பு போட்ட தண்ணீரை நொறுங்கிய ஐஸாக அரைத்து, உடல் எடை ஒரு கிலோவுக்கு 7.5 கிராம் வீதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். 60 கிலோவுக்கு 450 கிராம். ஐஸ் உருகும்போது உடம்பின் உள்ளிருந்தே சூட்டை இழுத்துக்கொள்ளும், குளிர்ந்த தண்ணீரை விடப் பல மடங்கு. ஐஸை மடக்கிய துண்டைக் கழுத்தில் கட்டுங்கள், தொப்பிக்குள் ஒரு கைக்குட்டை. 5 கி.மீ.க்கு ஒருமுறை முன்கையை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நிமிடம் முக்குங்கள். தருமபுரியின் வறண்ட காற்றில் நனைத்த சட்டையே பெரிய உதவி, ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும். சென்னையின் ஈரக்காற்றில் இதே சட்டை வெறும் பாரம். பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினையுங்கள். தெர்மாமீட்டர் ஒரே அளவு காட்டினாலும் கடலோரமும் மேட்டுநிலமும் ஒன்றல்ல. 900 மீட்டர் உயரத்தை ஒட்டியுள்ள பெங்களூரு உங்களுக்கு ஏற்றது.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்கள் சோலிஃபெனசின். அந்த வகை மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். வியர்வைதான் உங்கள் குளிர்சாதனம். அதற்காக நீங்களே நிறுத்தாதீர்கள். வியர்வையைத் தடுக்காத மிராபெக்ரான் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும், அளந்து பார்த்துத்தான் தருவார்கள். டைமெத்தில் ஃப்யூமரேட் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து சூடாகும், வயிறும் புரட்டும். நீள ஓட்ட நாளில் காலை மாத்திரையை ஓடி முடித்துச் சாப்பாட்டோடு எடுக்கலாமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள். ஓடும்போது வலிக்கு ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். உடம்பு நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்குக் கேடு.

தென்பெண்ணைக் கரை:

வத்தல்மலை வேணாம்ங்க. குளிர்ச்சி உண்மைதான், மேல ஏறுனா ஆயிரம் மீட்டரைத் தாண்டும். ஆனா ஏத்தத்துல சூடு ரெண்டு மடங்கு சேரும். இறக்கத்துல முன்பாதத்தை மெதுவா இறக்கி வைக்கிற அதே தசைதான் வேலை செய்யுது, அது தளர்ந்தா பாதம் தப்புத் தப்புன்னு அறையும். கொண்டை ஊசி வளைவுல வண்டி வந்தா ஒதுங்கவும் முடியாது.

குளிர்ச்சி வேணும்னு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுச் சாலைக்கும் விடிகாலையில போகாதீங்க. யானை நடமாட்டம். கால் ஒத்துழைக்காத நேரத்துல திரும்பி ஓட முடியாது. தேசிய நெடுஞ்சாலை 44-ம் வேணாம், இருட்டுல கண் மங்கினா லாரி வெளிச்சம் ரொம்பக் கூசும்.

வேண்டியது சமதளம், சின்னச் சுற்று. 10 கி.மீ. போய் 10 கி.மீ. திரும்புற வழி எம்.எஸ். உள்ளவங்களுக்கு ஆகவே ஆகாது, பாதம் தொங்குறது சரியா வீட்டுல இருந்து ரொம்பத் தூரத்துல நடக்கும். 2 கி.மீ. சுற்றுன்னா வாளி, ஐஸ் பெட்டி, கழிப்பறை எல்லாம் ஒரே இடத்துல. 14 சுற்று சலிப்புதான், பரவாயில்ல. தருமபுரி மாவட்ட விளையாட்டு அரங்கம் மாதிரி தடத்துல ஓடுனா ஒவ்வொரு 2 கி.மீ.க்கும் திசையை மாத்துங்க, வளைவு எப்பவும் ஒரே கணுக்காலை அழுத்தும். கிருஷ்ணகிரி பக்கம் வந்தா கே.ஆர்.பி. அணைப் பூங்கா சுத்தி ஓடலாம். மார்ச்சுல இருந்து மே வரைக்கும் நீளத்தைக் கூட்டாதீங்க, 8 கி.மீ.க்குள்ள வெச்சுக்கிட்டு வலுப்பயிற்சி செய்யுங்க. ஜூலையில ஆரம்பிச்சு டிசம்பர், ஜனவரி விடிகாலையில உச்சத்துக்கு வாங்க. நேரம் 4:45, வெயில் ஏறும்முன்ன முடிச்சிடணும்.

தண்ணியைப் பத்தி ஒண்ணு. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் பல ஊர் ஆழ்துளைக் கிணத்துல ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காக வந்ததுதான். ஓடுறவங்க மத்தவங்களை விட நிறைய குடிப்பாங்க. குழாயில வர்ற காவிரித் தண்ணியையே பிடிச்சு வையுங்க. ஃபுளோரைடு உடம்புல சேர்ந்து வர்ற ஃபுளோரோசிஸ் நோய் முத்தினா முதுகுத் தண்டை அழுத்திக் காலை விறைக்க வைக்கும், எம்.எஸ்.னால வந்த விறைப்பா அதுவான்னு குழப்பம் வேற.

கால்தடம்:

கூட்டுற அளவு: வாரத்துக்கு மூணு ஓட்டம் போதும். நீள ஓட்டத்தை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கி.மீ. கூட்டுங்க, நாலாவது வாரம் மூணுல ஒரு பங்கு குறையுங்க. உச்சம் 28 அல்லது நாலு மணி நேரம், எது முன்னாடி வருதோ அது. 32 ஓடியே ஆகணும்னு மத்தவங்க சொல்லுவாங்க, கேக்காதீங்க. ஓடி ரெண்டு மணி நேரம் கழிச்சும் கால் பழைய நிலைக்கு வரலைன்னா அடுத்த நீள ஓட்டத்தைக் கால் பங்கு குறைச்சிடுங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் பாதத்தைக் கண்ணால பாருங்க, கையால தடவுங்க. கொப்புளம் வலிச்சாத்தான் தெரியும்னு இருக்காதீங்க, உங்களுக்கு வலிக்காமலே புண்ணாகலாம்.

பாலக்கோட்டுக்காரி:

இது சூடு, இது ரிலாப்ஸ்னு எப்போ பிரிச்சுப் பார்க்குறது? பந்தயத்துல சாப்பிட என்ன எடுக்கலாம்?

அதியமான்கோட்டை:

குளிர்ந்த அறையில் ஓய்வெடுத்தும் ஒரு மணி நேரத்தில் விலகவில்லை என்றால் கவனியுங்கள். புதிய குறையோ பழைய குறையோ காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அன்றே நரம்பியல் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை: சிறுநீர்த் தொற்று அப்படியே ரிலாப்ஸ் போல வேடம் போடும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்களுக்குத் தொற்று எளிதில் வரும். ரிலாப்ஸ் என்று உறுதியாகி மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் ஏற்றினால், அந்த நாட்களில் ஓட்டமே கூடாது. பிறகும் நடையிலிருந்து தொடங்குங்கள். ஸ்டீராய்டு பலமுறை எடுத்தவருக்கு இடுப்பு மடிப்பில் வலி வந்தால் தசைப்பிடிப்பு என்று விடக்கூடாது. தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் குறைந்திருக்கலாம், எம்.ஆர்.ஐ. வேண்டும்.

சாப்பாடு: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு வாழைப்பழம் ஏறத்தாழ 25 கிராம். கடலைமிட்டாய் வேண்டாம், களைத்த தொண்டையில் துணுக்கு சிக்கிப் புரையேறும். முந்தைய இரவு ராகிக் களியும் வேண்டாம், நார் அதிகம். இட்லி போதும். உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்தது. வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும்.

தென்பெண்ணைக் கரை:

மார்பு எண் அட்டையின் பின்பக்கம் தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் எழுதுங்க: எம்.எஸ்., மருந்துகளின் பேர், டாக்டரின் தொலைபேசி எண், "நடை தள்ளாடினால் நிழலில் உட்கார வைத்து, நனைத்துக் குளிர்விக்கவும்". தள்ளாடுறவங்களைக் குடிச்சிருக்காங்கன்னு நெனைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. கூட ஒரு ஆளை 21, 30, 35-வது கி.மீ.ல ஐஸோட நிக்கச் சொல்லுங்க. ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து பாருங்க. வலது கண்ல அடுத்த கிலோமீட்டர் பலகை படிக்க முடியலைன்னா, படிக்க முடியுற வரைக்கும் நடைதான்.

பாலக்கோட்டுக்காரி:

குதிகால் சோதனை இன்னைக்கே பார்த்தேன், 13-வது அடியில இறங்குது. நோட்டு போட்டாச்சு. மிராபெக்ரான் பத்தி வியாழக்கிழமை கேக்குறேன்.