கலைச்சொல் தேவை: காதிரைச்சலும் காதடைப்பும்

அன்புள்ள குழுவினருக்கு,

காது, மூக்கு, தொண்டை நோயாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘டின்னிடஸ்’ என்பதற்குக் காதிரைச்சல் என்று எழுதியிருக்கிறேன். வெளியே ஒலியே இல்லாதபோது கேட்பதை இரைச்சல் எனலாமா என்று மருத்துவர் ஐயுறுகிறார். மேலும், குறும்பி (காதழுக்கு) இறுகி நிற்றல், நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் நடுச்செவிக் குழல் சளியால் திறவாமை, உட்செவிப் பாதிப்பு ஆகிய மூன்றையும் நோயாளர்கள் ‘காது அடைத்திருக்கிறது’ என்றே சொல்வதால், இவற்றைப் பிரித்துக் காட்டவும் சொற்கள் வேண்டும்.

*

அம்மா, இரைச்சல் சந்தைக்கும் கடலுக்கும் உரியது. வண்டொலியைச் சங்கப் புலவர்கள் ‘இமிர்தல்’ என்றனர். ‘சுரும்பிமிர்’ என்னும் தொடரை இக்குழுவில் அறியாதார் இல்லை. எனவே ‘செவியிமிர்வு’ எனலாம். ‘ரீங்காரம்’ வேண்டா, ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. இமிர், இமிழ், வண்டைக் குறிக்கும் ஞிமிறு மூன்றும் ஒரே வேரின என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரிப்பேன்.

*

தனி மடலிலேயே விரியுங்கள் ஐயா. ‘செவியிமிர்வு’ என்பதைப் பாதிப்பேர் ‘செவி நிமிர்வு’ என்று படிப்பார்கள். எல்லாருக்கும் வண்டொலியே கேட்பதுமில்லை: சிலருக்குச் சீழ்க்கை, சிலருக்கு நாடியோடு சேர்ந்து துடிக்கும் ஓசை. பின்னதைச் சில வேளைகளில் மருத்துவரும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கமுடியும் என்பதால், ‘வெளியே ஒலியே இல்லை’ என்ற ஐயமும் முழுமையாக நிற்காது. ஆயுர்வேதத்தின் ‘கர்ணநாதம்’ உண்டுதான். ஆனால் இரவெல்லாம் உறங்காதவரிடம் நாதம் என்று சொல்லிப் பாருங்கள். காதிரைச்சலே இருக்கட்டும்.

*

இரைச்சலைவிட அடைப்பே ஆபத்தான சொல் என்று செவிலியர் வகுப்பெடுக்கும் எனக்குத் தோன்றுகிறது. அடைப்பு என்று படித்தவர் உடனே பட்ஸைத் தேடுவார், அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். அல்லது எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார். ஒரு காது திடீரெனக் கேளாமற்போகும் நோயும் முதலில் அடைப்பாகவே தோன்றும். அதற்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. சொட்டு மருந்து ஊற்றிக் காத்திருந்தால் அந்த நாள்கள் வீணாகும். ஆகவே குறும்பியடைப்பு, குழலடைப்பு என்று இரண்டையும் பெயரிட்டு, அடைக்கும் பொருள் ஏதுமில்லாத மூன்றாவதை ‘அடைப்புணர்வு’ எனலாம்.

*

பசியில் காதடைத்தது என்கிறோமே, அங்கே அடைத்த பொருள் எது? அடைப்பு என்ற சொல்லிலேயே உணர்வும் அடங்கியிருக்கிறது. ‘உணர்வு’ என்று சேர்த்தால், தம் நோயை மருத்துவர் வெறும் மனப்பிரமை என்று சொல்வதாக நோயாளி எண்ணிக்கொள்வார். அன்றியும், குழல் பெரும்பாலும் அடைபடுவதில்லை; விழுங்கும்போது திறக்கவேண்டியது திறப்பதில்லை. குழலடைப்பு என்பதும் பிழையே.

*

அனைவருக்கும் நன்றி. காதிரைச்சலுக்கு நால்வர் இசைந்துவிட்டதால் அதை மாற்றவில்லை. குறும்பியடைப்பு, குழல் திறவாமை என்று எழுதுகிறேன். மூன்றாவதற்குச் சொல்லாக்கம் இன்றி, ‘காது அடைத்ததுபோல் இருந்து, திடீரெனக் கேளாமற்போனால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்’ என்று முழு வாக்கியமாகவே தடித்த எழுத்தில் இடுகிறேன்.

*

வாக்கியம் கலைச்சொல் ஆகாது, அம்மா. அடுத்த பதிப்புக்குள் ‘அடைப்புணர்வு’ பற்றி மீண்டும் எழுதுவேன்.