ஆசிரியர்களைப் பற்றி உங்கள் காதில் விழுந்தது, கண்ணால் பார்த்தது – அனுபவப் பகிர்வு

பதிவைத் தொடங்குபவர்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதனால்தான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் ஆசிரியர்கள் உட்காரும் அறையில் நாற்காலி போட்டு உட்கார முடிந்தது.

வெளியே மக்கள் பேசுவதையும் கேட்கிறேன். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில், ரேஷன் கடை வரிசையில், எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "கவர்மெண்ட் வாத்தியாருக்கு என்ன கவல? கை நெறைய சம்பளம், பாதி வருசம் லீவு." அப்படிச் சொன்ன அதே அக்கா, பேச்சு தன் பேத்தியின் வகுப்புக்கு வந்ததும், "எங்க மூணாங்கிளாஸ் டீச்சர அப்படிச் சொல்லக் கூடாது, காய்ச்சல்னா வீட்டுக்கே வந்து பாக்குறவங்க" என்கிறார். இதை நான் பல இடங்களில் கவனித்துவிட்டேன். பேர் தெரிந்த ஆசிரியர் நல்லவர். பேர் தெரியாத ஆசிரியர்கள் எல்லாரும் சோம்பேறிகள். மக்கள் மனதில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சண்டை போடாமல் இருக்கின்றன.

இந்தப் பொதுப் பேச்சு ஆசிரியர்களின் மனதை என்ன செய்கிறது என்பது எனக்கு உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். ஆசிரியர்களும் எழுதலாம், குறை சொல்ல வேண்டியவர்களும் எழுதலாம்.


இடைநிலை ஆசிரியர், தேன்கனிக்கோட்டை வட்டாரம்

என்னுடையது ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டத்தின் கணக்கு. ஆனால் வகுப்பு ஐந்து. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 இல் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம். திட்டம் நல்ல திட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொரோனாவில் எழுத்தையே மறந்து வந்த பிள்ளைகள் அதனால் மேலே ஏறியதைப் பார்த்தேன். ஆனால் ஐந்து வகுப்பு, அதற்குள் மூன்று நிலை, அதைப் பார்க்க இரண்டு ஆசிரியர். அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விட்டால் அன்றைக்குப் பள்ளி முழுக்க ஒரே ஆள்.

எங்கள் ஊர் மலையடிவாரம். எமிஸ் என்கிற கல்வித் துறைச் செயலியில் வருகைப் பதிவு போட வேண்டும் என்றால் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பள்ளிக்கு வெளியே வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பேன். ஒருநாள் அந்த வழியாகப் போன ஒரு பெரியவர், "பாடம் நடத்துற நேரத்துல சார் போன்ல இருக்காரு பாரு" என்று பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். கூப்பிட்டு அவரிடமே திரையைக் காட்டினேன். "உங்க பேரன் இன்னைக்கு வந்திருக்கான்னு கவர்மெண்டுக்குச் சொல்றேன் தாத்தா" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு ஆள் போட மாட்டாங்களா?" என்று கேட்டார். அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்ததே, அதில் நான் வாக்குச்சாவடி நிலை அலுவலர். கணக்கெடுப்புப் படிவத்தோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் முதல் கேள்வி: "புள்ளைங்கள விட்டுட்டு இங்க என்ன சார் பண்றீங்க?" கோபம் வரவில்லை. சரியான கேள்விதான். கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. அந்த விலக்கு வழியாகத்தான் நாங்கள் வெளியே போகிறோம். போகச் சொன்னவரை யாரும் கேட்பதில்லை, போனவரைக் கேட்கிறார்கள்.

வேலை அதிகம் என்பதால் மனம் உடைவதில்லை. இது நான் உறுதியாகச் சொல்வது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே, செய்யவில்லை என்று சொல்வதைக் கேட்கும்போதுதான் உடைகிறது.


ஒரு தந்தை, ஷேர் ஆட்டோ ஓட்டுநர், மதுரை

மேலே சார் எழுதியது உண்மையாக இருக்கட்டும். நான் என் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் கணக்குக்கு வந்த ஆசிரியர் வகுப்புக்கு வருவார், உட்காருவார், பிள்ளைகளில் ஒருவனைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பார். எமிஸ் இல்லை. நிலம் வாங்கி விற்கும் தொழில் பேச்சு. பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்கும். வட்டிக் கணக்கை என் பையன் ஏழாவதிலேயே படித்ததால் தப்பித்தான், மற்றப் பிள்ளைகள் அந்த வருடம் முழுக்க ஒன்றும் படிக்கவில்லை.

தலைமை ஆசிரியரிடம் போனேன். தெரியும் என்றார். மற்ற ஆசிரியர்களுக்கும் தெரியும். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அதே பள்ளியில் தமிழ் அம்மா என் பையனை மதியம் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கு அவன் செய்தித்தாள் படிக்கிறான் என்றால் அந்த அம்மாதான். அவர் வேலை செய்வதும் இவர் செய்யாததும் வெளியே ஒரே கணக்கில் போகிறது, சம்பளமும் ஒன்றுதான். ஊர் பேசுகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் தங்களுக்குள் இருப்பவரைத் தட்டிக் கேட்டிருந்தால் ஊர் இவ்வளவு பேசாது.


ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்

ஆட்டோ ஓட்டும் தம்பி சொன்னதை மறுக்க மாட்டேன். பணிக்காலம் முழுக்க நான் பார்த்ததும் அதுதான். ஒழுங்காக வேலை செய்யாத ஒருவரைச் சக ஆசிரியர்கள் "பாவம், குடும்பஸ்தர்" என்று காப்பாற்றுவார்கள். அதன் விலையை வேலை செய்கிற மற்றவர்கள் கொடுப்பார்கள்.

மக்கள் மனநிலை பற்றி என்றால் எனக்கு 2003 ஜூலைதான் முதலில் வரும். வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஏறத்தாழ 1,70,000 பேர் அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தில் ஒரே வீச்சில் டிஸ்மிஸ். நானும் அதில் ஒருவன். வேலை போனதைவிட ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் அதிகம் வலித்தது. டீக்கடையில், "இவங்களுக்கு இது வேணும்" என்று நேராகவே சொன்னார்கள். சொன்னவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு.

அப்புறம் யோசித்தால் காரணம் புரிந்தது. மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காமல் 2002 இலும் 2003 இலும் குறுவை போன காலம் அது. டெல்டாவில் வீட்டுக்கு வீடு கடன். மாதச் சம்பளம் வாங்குகிறவர் தெருவில் இறங்கிச் சலுகை கேட்டால், நெல்லே அறுக்காதவருக்கு எப்படி இருக்கும்? எங்கள் கோரிக்கை நியாயம். அவர்கள் கோபமும் நியாயம். நாங்கள் அவர்களிடம் போய் எதையும் விளக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம்.

எல்லாரும் அப்படி இல்லை. பள்ளிக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர் சம்பளம் வராத நாட்களில் கணக்கு எழுதாமலே அரிசி கொடுத்தார். "நீங்க எங்க போயிடப் போறீங்க சார்" என்றார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், பெரும்பாலானவர்கள் திரும்ப வேலையில் சேர்ந்தோம். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்றும் அந்த ஆகஸ்டில் வந்த தீர்ப்பு சொன்னது.

2019 ஜனவரி போராட்டத்தின்போது நான் ஓய்வில் இருந்தேன். 2003 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. அதைத் திரும்பக் கேட்டுத்தான் அந்தப் போராட்டம். அப்போதும் பேருந்தில் ஒருவர், "எங்களுக்கு யாரு பென்சன் தர்றா?" என்றார். பதினாறு வருடம் கழித்தும் ஊர் கேட்டது அதே கேள்விதான். ஆசிரியர் சங்கங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மக்கள் ஆதரவு கேட்பதில் பயன் இல்லை என்பது என் கருத்து. சங்கத்து நண்பர்கள் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.


தனியார் பள்ளி ஆசிரியை, திருப்பூர்

இங்கே எல்லாரும் அரசு ஆசிரியர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களை யாரும் திட்டுவதில்லை. ஆனால் ஆசிரியராகவும் நினைப்பதில்லை.

எங்கள் ஊரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறவர் சனிக்கிழமை வாங்குகிற வாரக் கூலியை நான்கால் பெருக்கினால் என் மாதச் சம்பளத்தைத் தாண்டும். நான் எம்.எஸ்சி., பி.எட். சம்பளத்தைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை, மரியாதை எதை வைத்து அளக்கப்படுகிறது என்று காட்டச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்தரைக்கு "மிஸ், ஹோம்வொர்க் போட்டோ அனுப்புங்க" என்று வரும். காலையில் பார்த்து அனுப்பினால், "ஃபீஸ் கட்டுறோம்ல மிஸ்" என்று ஒரு வரி. ஏப்ரல், மே வந்தால் வெயிலில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். ஒரு வீட்டில் என்னைத் திண்ணையில் நிற்க வைத்து, "எவ்வளவு குறைப்பீங்க?" என்று பேரம் பேசினார்கள். அந்த வீட்டுப் பையன் இப்போது என் வகுப்பில். அவனுக்கு நான் எப்படி இருக்கிறேனோ மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் அப்படியே இருக்கிறேன்.

2020 ஊரடங்கில் எங்கள் பள்ளி பாதிச் சம்பளம் கொடுத்தது, பிறகு அதையும் நிறுத்தியது. என்னோடு வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியர் காய்கறி வண்டி தள்ளினார். அதே மாதங்களில் ஆன்லைன் வகுப்பும் எடுத்தார். பெற்றோர் ஒருவர் அவரிடம் தக்காளி வாங்கிவிட்டு, மறுநாள் குழுவில் "சாருக்கு மைக் சரியா இல்ல" என்று புகார் போட்டார். அவர் அதற்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டதைப் படித்தபோது அழுதுவிட்டேன்.

அர்ப்பணிப்பு இல்லை என்று ஆசிரியர்களைச் சொல்கிறவர்கள், இவ்வளவுக்குப் பிறகும் அவர் எப்படி வகுப்பு எடுத்தார் என்று ஒருமுறை யோசிக்கலாம்.


பள்ளிப்பட்டுக்காரர், திருவள்ளூர் மாவட்டம்

எங்கள் பக்கத்து வெளியகரம் பள்ளியை 2018 ஜூனில் நாடே பார்த்தது. ஆங்கில ஆசிரியருக்கு மாறுதல் வந்தது, பிள்ளைகள் அவரைப் போகவிடாமல் கட்டிப்பிடித்து அழுதார்கள், பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள், மாறுதல் கொஞ்ச நாள் தள்ளிப்போனது. அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர்களில் ஒருவர், எப்போதும் "வாத்திங்களுக்கு வெட்டிச் சம்பளம்" என்று பேசுகிற என் மாமா. முதல் பதிவில் எழுதியிருப்பது அப்படியே.


ஓர் ஆசிரியையின் கணவர், விழுப்புரம்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும், இல்லையென்றால் வேலையில் தொடர முடியாது. என் மனைவி வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் 2008 இல் சேர்ந்தவர். அப்போது டெட் என்ற தேர்வே கிடையாது. அன்றைய விதிப்படி முறையாகச் சேர்ந்தார்.

தீர்ப்பு வந்த வாரம் திண்டிவனம் பேருந்தில் இருவரும் போகிறோம். முன் இருக்கையில் இரண்டு பேர். "ஒரு பரீட்ச பாஸ் பண்ண முடியாதவங்க எதுக்கு வாத்தியாரா இருக்கணும்?" என்று ஒருவர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேசினேன். 2012 ஜூலையில் முதல் டெட் நடந்தபோது ஆறரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள், 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள், மறுதேர்வில் அதை மூன்று மணி நேரமாக்கினார்கள் என்று சொன்னேன். அவர் உண்மையாகவே கேட்டுக்கொண்டார். "அப்படியா, எனக்குத் தெரியாதுங்க" என்றார். அப்புறம் அவர் சொன்னது: "ஆனா புள்ளைக்குச் சொல்லிக் குடுக்குறவங்க பரீட்சைக்குப் பயப்படலாமா?" அதற்கு மனைவியே திரும்பிப் பதில் சொன்னார்: "பயம் பரீட்சைக்கு இல்லண்ணே. பதினேழு வருசம் நான் படிக்க வச்ச புள்ளைங்க கணக்குல வரலையே, அதுதான்."

இப்போது இரவு ஒன்பதுக்கு மேல் டெட்டுக்காக உளவியல் புத்தகம் எடுத்து உட்காருகிறார். எங்கள் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறாள்.


பகுதிநேர ஓவிய ஆசிரியர், பெயரும் ஊரும் வேண்டாம்

2012 இல் எங்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள். 2025 இல் அது 12,500. அதுவரை மே மாதம் சம்பளம் கிடையாது. ஊரில் எல்லாருக்கும் நான் கவர்மெண்ட் வாத்தியார்; கல்யாணத்துக்கு மொய் எழுதும்போது அந்தக் கணக்கில்தான் எதிர்பார்க்கிறார்கள். வங்கியில் கடன் கேட்டால் மட்டும் நான் அரசு ஊழியர் இல்லை. என் மாணவி ஒருத்தி கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் அப்பா சேர்க்கைக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அதற்காகத்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.


பதிவைத் தொடங்கியவர்

எல்லாவற்றையும் படித்தேன். மதுரைத் தம்பிக்கு மட்டும் ஒரு விஷயம். தலைமை ஆசிரியரிடம் வாயால் சொன்னதோடு விடாதீர்கள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக எழுதிக் கொடுங்கள், தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள். அந்தத் தமிழ் அம்மா செய்ததையும் அதே தாளில் எழுதுங்கள். எங்கள் பள்ளியில் காலிப் பணியிடத்துக்கு இப்படித்தான் தீர்மானம் போட்டு அனுப்பினோம். பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப் பணியில் ஓர் ஆசிரியர் வந்தார், நிரந்தர ஆள் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்கப் போகிறோம்.

தேன்கனிக்கோட்டை சார், உங்கள் பள்ளிக் குழுவில் யாராவது எமிஸ் வேலைக்கு உதவ முடியுமா என்று கேட்டுப் பார்த்தீர்களா? எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி வந்து விவரம் திரட்டித் தருகிறாள். வருகைப் பதிவு நீங்கள்தான் போட வேண்டும், மற்றதில் பாதிச் சுமையாவது குறையும்.