பரங்கிக்காய் மசாலா ஸ்ப்ரெட்: தண்ணியா ஓடுது, லேசாக் கசக்குது. எங்கே தப்பு பண்ணேன்?

கரண்டிக்காரன்

ரொட்டியில தடவிச் சாப்பிடுற பரங்கிக்காய் ஸ்ப்ரெட் முதல் தடவையா வீட்டுல செஞ்சேன். மஞ்சள் பூசணி, அரசாணி, நீங்க எப்படிச் சொன்னாலும் அதே காய்தான். பம்ப்கின் பட்டர்னு சொல்றாங்களே, அது. தடவினா நிக்கணும். என்னுது ரொட்டி ஓரத்துல வழியுது.

செஞ்சது இப்படி: தோலும் விதையும் எடுத்த காய் ஒன்றரைக் கிலோ. குக்கர்ல அரை லிட்டர் தண்ணி ஊத்தி மூணு விசில். ஆறினதும் அந்தத் தண்ணியோடவே மிக்ஸியில அரைச்சேன், சத்து வீணாகக் கூடாதேன்னு. அப்புறம் 400 கிராம் சர்க்கரை, ரெண்டு டீஸ்பூன் பட்டைத்தூள், ஒரு டீஸ்பூன் கிராம்புத்தூள், அரை ஜாதிக்காய் துருவினது, எல்லாத்தையும் ஆரம்பத்துலயே கொட்டி ஒண்ணேகால் மணி நேரம் கிளறினேன். பாதியில சூடா தெறிச்சு முழங்கைக்குக் கீழ ரெண்டு கொப்புளம். கடைசியில அடியும் பிடிச்சிருச்சு, பயந்து இறக்கிட்டேன்.

ஆறின பிறகு பார்த்தா ஸ்பூனைச் சுத்தித் தண்ணி விட்டு நிக்குது. வாயில போட்டா முதல்ல இனிப்பு, பின்னாடி ஒரு கசப்பு, நாக்கு வேற மரத்த மாதிரி இருக்கு.

மொத்தம் 250 மில்லி பாட்டில் ஆறு வந்துச்சு. ரெண்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. மீதி நாலையும் மூடி போட்டுக் கொதிக்கிற தண்ணியில 20 நிமிஷம் வச்சு எடுத்து அலமாரியில அடுக்கியாச்சு, மூணு நாளாச்சு. ஆறும்போது மூடி 'டக்'னு உள்ளே இழுத்துக்கிச்சு, அதனால அந்தப் பக்கம் கவலை இல்லை. அதையெல்லாம் வேண்டியவங்களுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். தண்ணிக்கும் கசப்புக்கும் மட்டும் வழி சொல்லுங்க.

மாடிவீட்டு மைனா

குக்கர்ல அரை லிட்டர் ஊத்தினீங்க பாருங்க, அங்கேயே ஆட்டம் முடிஞ்சது. பரங்கிக்காய்ல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு ஏற்கெனவே தண்ணிதான். அதுக்கு மேல நீங்களும் ஊத்தி, அதை மறுபடி கேஸ் செலவு பண்ணி வத்த வச்சிருக்கீங்க.

அடுத்த தடவை ஓவன் இருந்தா காயை ரெண்டா வெட்டி விதை எடுத்து, வெட்டின பக்கம் தட்டுல படுற மாதிரிக் கவுத்து 200 டிகிரியில வேக விடுங்க. கத்தி தடையில்லாம இறங்கணும், காய் அளவைப் பொறுத்து முக்கால் மணியிலேருந்து ஒரு மணி நேரம். தோல் தானா கழண்டு வரும். ருசியும் கூடும், ஏன்னா ஓரமெல்லாம் கொஞ்சம் சிவந்து வரும். ஓவன் இல்லைன்னா இட்லிப் பாத்திரத்துல ஆவியில வேகட்டும், காய் தண்ணியைத் தொடவே கூடாது. எதுல வேக வச்சாலும் அரைச்சதை மெல்லிய துணியில கட்டி ஒரு மணி நேரம் தொங்க விடுங்க. எவ்வளவு இறங்குதுன்னு பார்த்தா நம்ப மாட்டீங்க.

பழைய தராசு

நேரத்தை வைத்துப் பதம் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஒண்ணேகால் மணி நேரம் என்பது உங்கள் அடுப்புக்கு ஒன்று, என் அடுப்புக்கு வேறு. எடை பொய் சொல்லாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரைக் கிலோ காயில் தண்ணீர் போக இருப்பது ஏறக்குறைய 135 கிராம். சர்க்கரை 400. ஆக, வற்றாத பொருள் 535 கிராம். உங்களுக்குக் கிடைத்தது ஆறு பாட்டில், சுமார் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் தண்ணீர். தடவும் பதத்துக்குப் பாதிக்குப் பாதியாவது வர வேண்டும், அதாவது 1,070 கிராம் அளவில் இறக்கியிருக்க வேண்டும். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் இன்னும் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நான் செய்வது: வெறும் பாத்திரத்தை முதலில் எடை போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுவேன். நடுநடுவே பாத்திரத்தோடு தராசில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடும். தராசுத் தட்டு சூடு தாங்காது, கீழே ஒரு மரப்பலகை வைத்து அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் கேலி செய்வார்கள், பழகிக்கொள்ளலாம்.

தராசு இல்லாதவர்கள் ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்துக் குளிர்ந்ததும் அதில் ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் ஓரமாகத் தண்ணீர் வளையம் கசிந்தால் இன்னும் வற்ற வேண்டும். ஜாமை இறுக வைக்கும் பெக்டின், ஆப்பிளில் உள்ள அளவுக்குப் பரங்கிக்காயில் கிடையாது. ஆறினால் தானாக இறுகும் என்று நம்பி இறக்காதீர்கள்.

உப்புச்சப்பு

கசப்புக்கு வர்றேன். முதல்ல ஒரு கேள்வி, இது முக்கியம்: அந்தக் காய்ல பச்சையா ஒரு துண்டு மிச்சம் இருக்கா? நுனி நாக்குல வச்சுப் பார்த்துத் துப்பிருங்க. பச்சைக் காயே கசந்தா மொத்தத்தையும் கொட்டிடணும். பூசணி, சுரைக்காய் வகையில அபூர்வமா குக்கர்பிட்டாசின்ங்கிற கசப்புப் பொருள் ஏறிப்போயிருக்கும். வேக வச்சாலும் போகாது, சர்க்கரை போட்டாலும் போகாது, வாந்தி பேதின்னு படுக்க வச்சிரும்.

காய் இனிப்பா இருந்துச்சுன்னா குற்றவாளி கிராம்புதான். நாக்கு மரத்துச்சுன்னு சொன்னீங்களே, அது கிராம்புல இருக்கிற யூஜெனால் வேலை. ஒரு டீஸ்பூன் ரொம்ப அதிகம்ங்க. இந்த அளவுக்குக் கால் டீஸ்பூனே தாராளம். அதையும் கடைசிப் பத்து நிமிஷத்துல போடணும், ஒண்ணேகால் மணி நேரம் கொதிச்சா வாசனை பறந்துபோய்க் காரமும் கசப்பும்தான் தங்கும். அடிப்பிடிச்சதும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அடி பிடிச்சா சுரண்டவே கூடாது, மேல இருக்கிறதை மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்திரணும்.

புதுத்தாலி

தப்பா நினைக்காதீங்க, இதுல வெண்ணெய் எப்போ போடணும்? யாருமே சொல்லலையே.

மாடிவீட்டு மைனா

போடவே கூடாது மா. பேர்ல மட்டும்தான் பட்டர். வெண்ணெய் மாதிரித் தடவ வர்றதால அந்தப் பேரு.

நுண்ணோக்கி

தண்ணீர், கசப்பு எல்லாம் இருக்கட்டும். அலமாரியில் இருக்கும் நான்கு பாட்டில்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? கரண்டிக்காரன், அவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். திறந்து ருசி பார்க்கவும் வேண்டாம்.

பரங்கிக்காய் புளிப்பில்லாத காய். பி.எச். என்பது புளிப்பின் அளவு, எண் ஏற ஏறப் புளிப்புக் குறையும். அது 4.6-க்கு மேல் உள்ள எந்தப் பண்டமும் காற்றுப் புகாமல் மூடி அறை வெப்பத்தில் கிடந்தால், அதில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளர இடமுண்டு. அதன் வித்துகள் (வெப்பம் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவம்) 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை. 20 நிமிடம் என்ன, இரண்டு மணி நேரம் வைத்தாலும் நம்ப முடியாது. அவற்றைக் கொல்ல அழுத்தத்தில் கிடைக்கும் 116 முதல் 121 டிகிரி வேண்டும். நீங்கள் மகிழ்ந்த அந்த 'டக்' சத்தம் உள்ளே காற்று இல்லை என்பதைத்தான் சொல்கிறது. இந்தக் கிருமி கேட்பதும் காற்றில்லாத இடத்தைத்தான். நஞ்சு உருவாகியிருந்தாலும் நிறம், மணம், ருசி எதிலும் தெரியாமல் போகலாம்.

சர்க்கரைப்பாகு

இது கொஞ்சம் அதிகப்படியான பயமுறுத்தல் இல்லையா? ஜாம் மாசக்கணக்கா வெளியில நிக்குதே. சர்க்கரை சேர்த்தா கெடாதுன்னுதானே? சந்தேகம் இருந்தா ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டாப் போச்சு. ஆப்பிள் பட்டரை எல்லாரும் இப்படித்தான் கொதிதண்ணியில வச்சு எடுக்கிறாங்க, நானே செஞ்சிருக்கேன்.

நுண்ணோக்கி

ஆப்பிள் பட்டரில் நீங்கள் செய்தது சரிதான். ஆப்பிளின் பி.எச். பொதுவாக நான்குக்குக் கீழே, அந்தப் புளிப்பில் இந்தக் கிருமி தலை தூக்காது. பரங்கிக்காய் ஐந்தைச் சுற்றி, சில சமயம் அதற்கும் மேலே. இரண்டும் பார்க்க ஒரே பதம், ஒரே மசாலா என்பதால் செய்முறையை ஒன்றிலிருந்து மற்றதற்கு அப்படியே எடுத்துவிடுகிறார்கள். குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது.

ஜாமில் பழத்தின் புளிப்பும் 60 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையும் சேர்ந்து காவல் நிற்கின்றன. இங்கே தராசுக்காரர் கணக்குப்படியே பார்த்தால் சர்க்கரை 27 சதவீதத்துக்குள். அது போதாது.

எலுமிச்சைச் சாறு பற்றி: எவ்வளவு விட்டால் போதும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததுதான் சிக்கல். காய்க்குக் காய் புளிப்பு மாறுகிறது, ஒருவர் வற்றவைக்கும் கெட்டி இன்னொருவருக்கு வராது. கூழ் கெட்டியானால் பாட்டிலின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேர்வதும் தாமதம். அமெரிக்க வேளாண் துறை 1989-இல் வெளியிட்ட வீட்டுப் பதப்படுத்தல் வழிகாட்டியிலேயே பரங்கிக்காய்க்குத் துண்டுகளாகப் போட்டு அழுத்தக் கலத்தில் (பிரஷர் கேனர்) வைக்கும் முறை மட்டும்தான் இருக்கிறது, மசிக்கவோ கூழாக்கவோ வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. அழுத்தக் கலம் வைத்திருப்பவர்களுக்குக்கூடக் கூழுக்கு அங்கே வழி இல்லை. எலுமிச்சை ருசிக்காகத் தாராளமாக விடுங்கள், பாதுகாப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது: நான்கு பாட்டிலையும் மூடியோடு ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி, குழந்தைகளும் நாய் பூனையும் கிளற முடியாத இடத்தில் குப்பையில் சேருங்கள். யாராவது ஏற்கெனவே அலமாரிப் பாட்டிலிலிருந்து சாப்பிட்டிருந்தால், கண் இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்கக் கஷ்டப்படுவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரண்டிக்காரன்

படிச்சதும் வயித்தைக் கலக்கிருச்சு. நல்லவேளை, அலமாரியில இருந்த ஒண்ணும் திறக்கலை, யாருக்கும் போகவும் இல்லை. நாலையும் கட்டிப் போட்டாச்சு. நாங்க சாப்பிட்டதெல்லாம் செஞ்ச அன்னிக்கே ஃப்ரிட்ஜ்ல வச்சதுலேருந்துதான்.

உப்புச்சப்பு அக்கா, பச்சைத் துண்டு ஒண்ணு இருந்துச்சு, நாக்குல வச்சுப் பார்த்தேன். இனிப்புதான், கசப்பே இல்லை. அப்போ கிராம்புதான்.

ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ரெண்டு பாட்டிலை எப்படியாவது காப்பாத்தலாமா? அப்புறம் தெறிக்கிறதுக்கு ஏதாவது வழி?

உப்புச்சப்பு

போட்ட கிராம்பை எடுக்க முடியாது, பரவலாக்கத்தான் முடியும். மசாலாவே போடாம இன்னொரு காயை வேக வச்சு மசிச்சு இதோட சேருங்க. ஒரு சிட்டிகை உப்பு, இறக்கும்போது ரெண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. கசப்பை அமுக்கறதுல உப்பைக் குறைச்சு எடை போடாதீங்க. சுக்குப்பொடி பிடிச்சா அரை டீஸ்பூன். பட்டையும் இனி தூளா அள்ளிப் போடாதீங்க, அதிகமானா கொழகொழன்னு ஆகும். முழுப் பட்டையைத் துணியில முடிஞ்சு போட்டு எடுத்துரலாம்.

பழைய தராசு

தெறிப்பதற்குக் காரணம், கெட்டியான கூழில் அடியில் உண்டாகும் ஆவிக்கு மேலே வர வழி கிடையாது. சேர்ந்து சேர்ந்து ஒரேயடியாக வெடிக்கும். தீயைச் சிம்மில் வைத்து, நீளக் கைப்பிடி உள்ள மரக்கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளறுங்கள். முழு மூடி போட்டால் தண்ணீர் திரும்ப விழும், ஜல்லடை மூடி இருந்தால் நல்லது. உயரமான பாத்திரத்தைவிட வாயகன்ற, அடி கனமான சட்டியில் பாதி நேரத்தில் வற்றும். சர்க்கரையைப் பாதி வற்றிய பிறகு போடுங்கள், அடிப்பிடிப்பது பெருமளவு குறையும்.

கரண்டிக்காரன்

நேத்து ரெண்டாவது தடவை செஞ்சேன். முழுசா 1.8 கிலோ இருந்த காயை ஓவன்ல வச்சு எடுத்தா சதை ஒரு கிலோ வந்துச்சு. துணியில கட்டினதுல கால் லிட்டர் இறங்கிருச்சு! மிச்சம் 750 கிராம். அதோட பழசு ரெண்டு பாட்டில் அரைக் கிலோ, பாதியில சர்க்கரை 120 கிராம். தராசு ஐயா சொன்ன மாதிரிக் கணக்குப் போட்டா 800 கிராம்ல நிறுத்தணும்னு வந்துச்சு. ஐம்பது நிமிஷத்துல 810, அங்கேயே இறக்கிட்டேன். குளிர்ந்த தட்டுல தண்ணி வளையமே இல்லை. கிராம்பு தொடலை, சுக்கும் எலுமிச்சையும் மட்டும். பழைய கசப்பு தேடினாத்தான் தெரியுது. முழங்கையும் தப்பிச்சது.

நாலு பாட்டில். எத்தனை நாள் தாங்கும்?

நுண்ணோக்கி

ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. பழையதும் கலந்திருப்பதால் உங்களுடையதை ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். மற்றதை ஃப்ரீசருக்கு மாற்றலாம், அங்கே சில மாதங்கள் நன்றாக இருக்கும். உறையும்போது விரியும், அதனால் பாட்டிலில் மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவது வேண்டாம்.

மாடிவீட்டு மைனா

ஃப்ரீசர்ல இருந்து எடுத்தா மேல கொஞ்சம் தண்ணி விட்டிருக்கும், கெட்டுப்போச்சுன்னு நினைச்சுராதீங்க. கிளறினாச் சேர்ந்துக்கும்.

ஆமா, துணியில வடிஞ்ச அந்தக் கால் லிட்டரை என்ன பண்ணீங்க? அதுல காயோட இனிப்பு நிறைய இருக்கும். தனியா சின்னப் பாத்திரத்துல நாலஞ்சு ஸ்பூன் ஆகிற வரைக்கும் சுண்ட வச்சு, கடைசியில ஸ்ப்ரெட்லயே சேர்த்திருக்கலாமே.

கரண்டிக்காரன்

சிங்க்ல ஊத்திட்டேனே...